பெட்ரோல் லெவியை நிறுத்தினால் நம் கையில் என்ன மிஞ்சும்?

வாசகர் கேள்விகள்

அமெரிக்காவில் தேசிய பெட்ரோல் வரியைக் கொஞ்ச காலம் நிறுத்தலாம் என்று பேச்சு அடிபடுகிறது. இங்கே தென்னாப்பிரிக்காவிலும் செய்தால் லிட்டருக்கு ஆறு ராண்ட் குறையும் என்கிறார் என் மைத்துனர். நம்பலாமா?
– வாசகி, சாட்ஸ்வொர்த்

ஆறு ராண்ட் குறையாதும்மா. நம் பெட்ரோல் விலைக்குள் பெரிய லெவி (லிட்டருக்கு இவ்வளவு என்று அரசு சேர்க்கும் வரி) இரண்டு இருக்கிறது. பொது எரிபொருள் லெவி 2025 ஜூன் 4 முதல் லிட்டருக்கு 4.01 ராண்ட் ஆனது. சாலை விபத்து நிதிக்கான ஆர்.ஏ.எஃப். லெவி அப்போது 2.18. மைத்துனர் இரண்டையும் கூட்டியிருப்பார்.

ஆர்.ஏ.எஃப். பணம் விபத்தில் அடிபட்டவர்களின் மருத்துவத்துக்கும் இழந்த வருமானத்துக்கும் போகிறது. அந்த நிதி ஏற்கெனவே கடனில் தத்தளிக்கிறது. அதில் கை வைப்பது பாவம். பொது லெவி அரசின் பொதுக் கஜானாவுக்குப் போய், ஒரு பங்கு ஈதெக்வினி (டர்பன்) போன்ற மாநகராட்சிகளுக்கு வருகிறது. 2022இல் அரசு தற்காலிகமாகக் குறைத்தது இதை மட்டும்தான், அதுவும் முழுசாக அல்ல: ஏப்ரல் 6 முதல் 1.50 ராண்ட், ஜூலை 6 முதல் 75 சென்ட், ஆகஸ்ட் 3 முதல் சலுகையே இல்லை. முதல் இரண்டு மாதத்துக்கே 6 பில்லியன் ராண்ட் ஆயிற்று. அவசரத்துக்கு வைத்திருந்த கச்சா எண்ணெயில் ஒரு பகுதியை விற்று அதை ஈடுகட்டுவதாக அரசு சொன்னது.

அமெரிக்காவின் தேசிய வரி காலனுக்கு 18.4 சென்ட், 1993 முதல் மாறவில்லை. லிட்டருக்குப் பார்த்தால் ஐந்து அமெரிக்க சென்ட் கூட வராது. 2022 ஜூனில் மூன்று மாதம் நிறுத்தச் சொல்லி பைடன் கேட்டார், காங்கிரஸ் நிறைவேற்றவில்லை.

இன்னொன்று: இங்கே பெட்ரோலுக்கு வாட் பூஜ்யம். அதனால் லெவி குறைந்தால் கூடவே வாட்டும் குறையும் என்று கணக்குப் போடாதீர்கள்.

2022இல் சலுகை இருந்தபோதே விலை ஏறியதே, அது எப்படி?
– வாசகர், லெனேசியா

லெவி என்பது விலையின் ஒரு துண்டுதான். பெரிய துண்டு அடிப்படை எரிபொருள் விலை. உலகச் சந்தையில் சுத்திகரித்த பெட்ரோலின் விலையும், ராண்ட்–டாலர் மதிப்பும் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன. முந்தைய வாரங்களின் சராசரியை எடுத்து, மாதத்தின் முதல் புதன்கிழமை புது விலை வருகிறது. உங்கள் ஜோகன்னஸ்பர்க் பக்கம் 95 ஆக்டேன் பெட்ரோல் 2022 ஜூனில் 24.17 ராண்ட், 1.50 சலுகை உள்ளே இருக்கும்போதே. ஜூலையில் 26.74. அந்த 2.57 ராண்ட் ஏற்றத்தில் 75 சென்ட், சலுகை பாதியானதால் வந்தது. மீதி சந்தை ஏற்றம். சலுகை முடிகிற மாதமும் சந்தை ஏறுகிற மாதமும் ஒன்றாக வந்தால் இப்படித்தான் ஒரே அடியாக விழும்.

முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி உண்டு. மத்திய எரிசக்தி நிதியம் தினமும் ‘அண்டர் ரெகவரி’, ‘ஓவர் ரெகவரி’ என்று ஒரு கணக்கை வெளியிடுகிறது. அண்டர் என்றால் அடுத்த மாதம் ஏறும், ஓவர் என்றால் இறங்கும். மூன்றாவது வாரத்தில் பாருங்கள். அண்டர் ரெகவரி 60 சென்ட், திரும்பி வரும் லெவி 75 சென்ட் என்றால் ஏறத்தாழ 1.35 ஏற்றம். மாத முதல் வாரத்துக் கணக்கை நம்ப வேண்டாம். ராண்ட் இரண்டு நாளில் அதைப் புரட்டிப் போட்டுவிடும்.

சலுகை கொடுத்தால் முடியும் தேதியை முதல் நாளே சொல்லி, படிப்படியாகத் திரும்ப ஏற்ற வேண்டும் என்பதே எங்கள் உறுதியான கருத்து. 75 சென்ட் என்ற இடைப்படி இல்லாதிருந்தால் அந்த ஜூலை இன்னும் மோசமாகியிருக்கும்.

நாங்கள் நாலு பேர் லிஃப்ட் கிளப், ஒரே காரில் செலவைப் பங்கிட்டு வேலைக்குப் போகிறோம். லெவி குறைந்தால் பங்கை எவ்வளவு குறைப்பது?
– வாசகி, ஃபீனிக்ஸ்

நாளுக்கு 40 கிலோமீட்டர், 22 வேலை நாள்: 880 கிலோமீட்டர். நூறு கிலோமீட்டருக்கு 8 லிட்டர் குடிக்கும் கார் என்றால் 70.4 லிட்டர். லிட்டருக்கு 1.50 குறைந்தால் மாதம் 105.60 ராண்ட், தலைக்கு 26.40. உங்கள் காரின் உண்மையான குடிப்பை இந்த இடத்தில் போடுங்கள்: டாங்கை நிரப்பி ஓடோமீட்டரைக் குறித்து, மறுபடி நிரப்பும்போது ஏறிய லிட்டரை ஓடிய தூரத்தால் வகுத்து நூறால் பெருக்குங்கள். பங்கைக் குறைக்கும்போதே, லெவி திரும்பினால் பழைய தொகை என்று பேசி வையுங்கள். மினிபஸ் டாக்சிக் கட்டணம் இதற்காக இறங்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

கரும்பு போட்டிருக்கிறோம், டிராக்டர் டீசல். எங்களுக்கும் அதே சலுகையா?
– வாசகர், டோங்காட்

பெட்ரோலின் சில்லறை விலையை அரசு நிர்ணயிக்கிறது, அதனால் குறைத்த சென்ட் அப்படியே பம்ப்புக்கு வரும். டீசலின் சில்லறை விலைக்கு அந்தக் கட்டு இல்லை. முழுச் சலுகையும் வருகிறதா என்று மூன்று இடத்தில் விலை கேட்டு வாங்குங்கள். மொத்தமாக வாங்குபவர், லெவி மாறும் தேதியை ஒட்டி இறக்குவதானால் எந்த விலை என்பதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

வாட் பதிவு இருந்தால் டீசல் ரீஃபண்டை (விவசாய டீசலுக்குக் கட்டிய லெவியில் ஒரு பகுதி திரும்ப வருவது) விடாதீர்கள். பலர் பணம் இழப்பது லாக்புக்கில்தான்: தேதி, லிட்டர், எந்த டிராக்டர், மணி மீட்டர் எண், எந்த வேலை என்று ஒவ்வொரு முறையும் எழுத வேண்டும். மாதக் கடைசியில் ஒரே மூச்சில் எழுதிய லாக்புக்கில் மணியும் லிட்டரும் ஒட்டாது.

பக்கத்திலிருந்த சுத்திகரிப்பு ஆலைகள் மூடியதால்தான் விலை ஏறியதா?
– வாசகர், மெரெபேங்க்

எங்கேன் ஆலையில் 2020 டிசம்பரில் தீ. சப்ரெஃப் 2022இல் நின்றது. ஆனால் அவை ஓடியபோதும் நம் அடிப்படை விலை இறக்குமதிச் செலவை வைத்தே போடப்பட்டது. அதனால் மூடியது நேராக விலைச் சூத்திரத்தில் ஏறவில்லை. கப்பல் தாமதமானால் தட்டுப்பாடு வருவது வேறு விஷயம், அந்த ஆபத்து கூடியிருக்கிறது.

சலுகை முடிவதற்கு முந்தின நாள் டிரம்மில் பிடித்து வைக்கலாமா?
– வாசகர், லாடியம்

வேண்டாம். 20 லிட்டருக்கு 75 சென்ட் என்றால் மிச்சம் 15 ராண்ட். பெட்ரோல் ஆவி தரையோடு படர்ந்து, கராஜில் இருக்கும் ஃப்ரீசரின் ஒரு பொறிக்கே பற்றும். செவ்வாய் மாலை கூட்டம் சேரும் முன், காலையிலேயே காரின் டாங்கை நிரப்புங்கள்; அது போதும்.