இன்ஸ்டால் முடிந்தாலும் சோதனை முடியாது: உபுண்டு சர்வர், டெபியன் கேள்வி பதில்

உபுண்டு சர்வர், டெபியன் என்ற இரண்டு லினக்ஸ் இயங்குதளங்களிலும் புது வெளியீடு வருவதற்கு முன் ஐஎஸ்ஓக்களை (இன்ஸ்டால் டிஸ்க்கின் கோப்பு வடிவம்) இன்ஸ்டால் செய்து பார்த்து முடிவைப் பதிவு செய்யும் தன்னார்வலர்களில் நானும் ஒருவன். இந்த வேலை பற்றி உங்கள் கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கல்லூரி மாணவர்: அண்ணா, இன்ஸ்டாலர் காட்டுவதற்கெல்லாம் என்டர் தட்டிக்கொண்டே போனால் முடிந்துவிடுகிறது. இதில் சோதிக்க என்ன இருக்கிறது?

தம்பி, எல்லோருக்கும் அப்படிச் சுலபமாக முடிய வேண்டும் என்பதற்காகத்தான் சோதனையே. டெஸ்க்டாப்பில் கோளாறு வந்தால் எதிரில் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பார். சர்வருக்கு அந்த வசதி கிடையாது. மானிட்டரும் கீபோர்டும் இல்லாமல் ஏதோ ஒரு ரேக்கில், பல சமயம் வேறு ஊரில் இருக்கும். கரண்ட் போய்த் திரும்பி வந்தால், யார் கையும் படாமல் தானே எழுந்து நெட்வொர்க்கைப் பிடித்து, தொலைவிலிருந்து நுழையும் வழியான எஸ்எஸ்ஹெச்சில் நம்மை உள்ளே விட வேண்டும்.

அதனால் ‘இன்ஸ்டால் முடிந்தது’ என்ற திரையை நான் பாதி வழியாகத்தான் கணக்கில் வைப்பேன். யூஎஸ்பியைக் கழற்றிவிட்டு ரீபூட் செய்யுங்கள். வேறொரு மெஷினிலிருந்து எஸ்எஸ்ஹெச்சில் நுழையுங்கள். தோற்றுப்போன சர்வீஸ் ஏதாவது இருக்கிறதா என்று, சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டியிடம் கேளுங்கள். நீங்கள் தேர்ந்தெடுத்தபடிதான் டிஸ்க் பிரிந்திருக்கிறதா, ஹோஸ்ட்நேம் சரியா, ஆப்ட் (மென்பொருள் இறக்கும் கருவி) மூலம் ஒரு பேக்கேஜ் இறங்குகிறதா என்று பாருங்கள். அப்புறம் இரண்டாவது முறை ரீபூட் செய்யுங்கள். உபுண்டு சர்வரில் முதல் பூட்டின்போது கிளவுட் இனிட் என்ற ஆரம்ப அமைப்புக் கருவி பல வேலைகளைச் செய்கிறது. அந்த மெஷின் இனி அன்றாடம் எப்படி எழப்போகிறது என்பது இரண்டாவது பூட்டில்தான் தெரியும். கடைசியாக, ஷட்டவுன் கொடுக்காமல் பவரை வெட்டிவிட்டு ஆன் செய்து பாருங்கள்.

கீபோர்டை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். பிரிட்டிஷ் லேஅவுட்டில் ‘அட்’ குறியும் இரட்டை மேற்கோளும் அமெரிக்க லேஅவுட்டுக்கு நேர்மாறான இடத்தில் இருக்கும். இன்ஸ்டாலருக்குள் ஒரு லேஅவுட், இன்ஸ்டால் ஆன சிஸ்டத்தில் வேறொன்று என்று ஆகிவிட்டால், சரியான பாஸ்வேர்டை அடித்தும் உள்ளே போக முடியாது. சோதனைக்கு வைக்கும் பாஸ்வேர்டில் இந்த இரண்டு குறிகளும் இருக்கட்டும்.

டேட்டா பேக்கை நம்பி இருப்பவர்: தினம் ஒரு ஐஎஸ்ஓ வருகிறதாமே. ஒவ்வொரு முறையும் முழுதாக இறக்க வேண்டுமா?

வேண்டாம். உபுண்டுவின் தினசரி ஐஎஸ்ஓக்களோடு ஜீசிங்க் கோப்பும் வரும். நேற்றைய ஐஎஸ்ஓ உங்களிடம் இருந்தால் மாறிய பகுதியை மட்டும் அது இறக்கிக்கொள்ளும். இறக்கியதும், கோப்பு பழுதில்லாமல் வந்ததா என்று ஷா 256 செக்சம் பாருங்கள். செக்சம் பார்க்காத ஐஎஸ்ஓவை வைத்து பக் ரிப்போர்ட் போட்டால், டெவலப்பர் முதலில் கேட்கப்போவதே அதைத்தான்.

எந்தத் தேதியின் பில்ட் (அன்று உருவாக்கிய ஐஎஸ்ஓ) என்பதையும் குறித்து வையுங்கள். வெளியீட்டு வாரத்தில் ஒரே நாளில்கூடப் புது பில்ட் வந்துவிடும். பழைய பில்டில் கிடைத்த ‘பாஸ்’ புதியதற்குச் செல்லாது. உபுண்டுவில் ஐஎஸ்ஓ சோதனைகளைப் பதிவு செய்ய ஒரு தளம் இருக்கிறது. அதில் நுழைந்தால் எந்த பில்டுக்கு எந்தச் சோதனை இன்னும் நடக்கவில்லை என்று தெரியும். காலியாக இருப்பதை எடுத்துச் செய்யுங்கள்.

பழைய லேப்டாப் வைத்திருப்பவர்: விர்ச்சுவல் மெஷினில் சோதித்தால் போதுமா? சர்வர் வாங்க என்னிடம் வசதி இல்லை.

தாராளமாகப் போதும். கேவிஎம் (லினக்ஸின் விர்ச்சுவல் மெஷின் வசதி) ஓடுகிற லேப்டாப் இருந்தால் முக்கால்வாசி வேலையை அதிலேயே முடிக்கலாம். ஆனால் ஒரே மாதிரி மெஷினையே திரும்பத் திரும்ப உருவாக்காதீர்கள். ஒரு முறை பழைய பயாஸ் வழியில், ஒரு முறை ஓவிஎம்எஃப் என்ற ஃபர்ம்வேரைப் போட்டு, பயாஸுக்குப் பின் வந்த யூஇஎஃப்ஐ வழியில் பூட் செய்யுங்கள். இரண்டிலும் சிஸ்டத்தை எழுப்பும் பூட்லோடர் உட்காரும் இடமே வேறு. ஒன்றில் ஓடியது மற்றதிலும் ஓடும் என்று நினைக்க முடியாது.

பெரிய டிஸ்க்கையும் இப்படியே சோதிக்கலாம். விர்ச்சுவல் மெஷினுக்கு டிஸ்க்காகப் பயன்படும் க்யூகவ்2 கோப்பு, எழுதிய அளவுக்கு மட்டுமே இடம் பிடிக்கும். உங்கள் லேப்டாப்பில் 40 ஜிபிதான் மிச்சம் என்றாலும் 3 டிபி டிஸ்க் ஒன்றை உருவாக்கி அதில் இன்ஸ்டால் செய்ய முடியும். ஏன் 3 டிபி என்றால், 512 பைட் செக்டர் டிஸ்க்கில் பழைய எம்பிஆர் பார்ட்டிஷன் டேபிளால் ஏறத்தாழ 2 டிபிக்கு மேல் எட்ட முடியாது, ஜிபிடி என்ற புதிய டேபிள் வேண்டும். அந்த எல்லையைத் தாண்டும்போது இன்ஸ்டாலர் சரியாக நடந்துகொள்கிறதா என்பது பார்த்தே ஆகவேண்டிய விஷயம்.

விர்ச்சுவல் மெஷினில் பார்க்க முடியாதவையும் உண்டு. நெட்வொர்க் கார்டின் ஃபர்ம்வேர், ரெய்டு கார்டு, மதர்போர்டு நிறுவனம் தன் இஷ்டத்துக்கு எழுதிய யூஇஎஃப்ஐ, இவையெல்லாம் நிஜ இரும்பில்தான் தெரியும். உங்கள் ஆபீஸில் பழைய சர்வர் ஒன்று சும்மா கிடந்தால் அதில் கிடைக்கும் ஒரு ‘பாஸ்’ எனக்குப் பெரிய மதிப்புள்ளது.

சிறு நிறுவன நிர்வாகி: 200 ஜிபி டிஸ்க்கில் உபுண்டு சர்வர் போட்டேன் சார். ரூட்டில் (சிஸ்டத்தின் முதன்மைப் பகுதியில்) பாதி அளவுதான் காட்டுகிறது. இது பக் தானே?

இல்லை சார், வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. எல்விஎம் (டிஸ்க் இடத்தைப் பின்னால் மாற்றிக்கொள்ளும்படி பிரிக்கும் முறை) தேர்ந்தெடுத்தால், பின்னால் ஸ்னாப்ஷாட் எடுக்கவும் இன்னொரு வால்யூம் சேர்க்கவும் இடம் இருக்கட்டும் என்று உபுண்டு சர்வரின் சுபிக்விட்டி இன்ஸ்டாலர் கொஞ்சம் ஒதுக்கி வைக்கும். 20 முதல் 200 ஜிபி வரை என்றால் ரூட்டுக்குப் பாதி. 200 ஜிபிக்கு மேல் எவ்வளவு இருந்தாலும் ரூட்டுக்கு 100 ஜிபிதான். மிச்சம் எல்விஎம்மின் பொது இடமான வால்யூம் குரூப்பிலேயே இருக்கிறது, சிஸ்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ரூட்டைப் பெரிதாக்கிக்கொள்ளலாம்.

சோதனை செய்பவர்களுக்கும் இதில் வேலை உண்டு. டிஸ்க் பிரிப்பைக் காட்டும் சுருக்கத் திரையில் உள்ள அளவும், இன்ஸ்டால் ஆன பிறகு இருக்கும் அளவும் ஒன்றா என்று பாருங்கள். அது மாறினால் பக்.

ஹோஸ்டிங் துறையில் இருப்பவர்: ரெய்டு 1 (ஒரே டேட்டாவை இரண்டு டிஸ்க்கிலும் வைக்கும் முறை) சோதனையை எப்படிச் செய்வது? இரண்டு டிஸ்க்கும் அர்ரேயில் (ரெய்டு தொகுப்பில்) தெரிந்தால் ‘பாஸ்’ போடலாமா?

போடாதீர்கள். எனக்கு மிகவும் அக்கறையான இடம் இது. ரெய்டு 1 போடுவதே ஒரு டிஸ்க் செத்தாலும் சர்வர் ஓட வேண்டும் என்பதற்காக. அப்படியானால் டிஸ்க்கைப் பிடுங்கிப் பார்க்காத ரெய்டு சோதனை, பிரேக்கை அழுத்திப் பார்க்காமல் வண்டிக்குச் சான்றிதழ் கொடுப்பது போலத்தான்.

யூஇஎஃப்ஐ மெஷினில் சிக்கல் கூடும். ஃபர்ம்வேர் படிக்கும் ஈஎஸ்பி பார்ட்டிஷன் மென்பொருள் ரெய்டுக்கு வெளியே இருக்கிறது. டேட்டா இரண்டு டிஸ்க்கிலும் பத்திரமாக இருந்தாலும், பூட்லோடர் முதல் டிஸ்க்கில் மட்டும் இருந்தால் அந்த டிஸ்க் போன அன்று சர்வர் எழாது. உபுண்டு சர்வர் இன்ஸ்டாலரில் முதல் டிஸ்க்கை பூட் டிவைஸ் ஆக்கிய பிறகு, இரண்டாவதையும் கூடுதல் பூட் டிவைஸாகச் சேர்க்க முடியும். அதைச் செய்த பிறகு மிச்ச இடங்களைச் சேர்த்து ரெய்டு 1 அமையுங்கள்.

இன்ஸ்டால் முடிந்ததும் அவசரப்படாதீர்கள். ரெய்டின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட்டைப் பார்த்து, சிங்க் (இரண்டு டிஸ்க்கையும் ஒன்றாக்கும் வேலை) முழுதாக முடியும் வரை காத்திருங்கள். சிங்க் முடியாத டிஸ்க்கை மட்டும் மிச்சம் வைத்து பூட் செய்துவிட்டு ‘ரெய்டு வேலை செய்யவில்லை’ என்று ரிப்போர்ட் போடுகிறவர்கள் உண்டு. முடிந்த பிறகு மெஷினை நிறுத்தி, விர்ச்சுவல் மெஷின் நிலையில் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு, முதல் டிஸ்க்கைக் கழற்றி ஆன் செய்யுங்கள். எழ வேண்டும். நகலுக்குத் திரும்பி, இந்த முறை இரண்டாவது டிஸ்க்கைக் கழற்றுங்கள். அதிலும் எழ வேண்டும்.

எழாமல் ஒன்றரை நிமிடம் நின்று எமர்ஜென்சி மோடுக்குப் போனால், எந்த டிஸ்க்கை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பைப் பாருங்கள். ஈஎஸ்பியை மவுண்ட் செய்யும் வரி கழற்றிய டிஸ்க்கின் யூயூஐடியை (அடையாள எண்ணை) சுட்டிக்கொண்டிருக்கலாம். அந்த வரியில் நோஃபெயில் (கிடைக்காவிட்டாலும் தொடரச் சொல்லும் குறிப்பு) இல்லையென்றால், டிஸ்க் வரும் என்று சிஸ்டம்டி 90 நொடி காத்திருந்துவிட்டுப் பூட்டையே நிறுத்திவிடும். ரேக்கில் இருக்கும் சர்வருக்கு இது நடந்தால் ரெய்டு போட்டதில் பயனே இல்லை.

இதோடும் விடாதீர்கள். புது வெற்று டிஸ்க் ஒன்றை மாட்டி, பார்ட்டிஷன் அமைத்து, அர்ரேயில் சேர்த்து, சிங்க் ஆன பிறகு புது டிஸ்க்கின் ஈஎஸ்பியிலும் கிரப் பூட்லோடரைப் போட்டு, அதை மட்டும் வைத்து பூட் செய்து பாருங்கள். ஒரு முழு மாலை போய்விடும். ஆனால் இதைச் செய்து முடித்தவர் எழுதும் ‘பாஸ்’ஸை நம்பித் தூங்கலாம்.

வீட்டில் சர்வர் வைத்திருப்பவர்: ரீபூட் செய்தால் நெட்வொர்க்குக்காகக் காத்திருக்கிறது என்று 2 நிமிடம் அப்படியே நிற்கிறது. ஏன்?

இரண்டு நெட்வொர்க் போர்ட் இருக்கும் மெஷினில் ஒன்றில் கேபிள் இருக்காது, ஆனால் இரண்டுக்கும் டிஹெச்சிபி (தானாக முகவரி வாங்கும் முறை) எழுதப்பட்டிருக்கும். நெட்வொர்க்கை நிர்வகிக்கும் நெட்வொர்க்டி எல்லாப் போர்ட்டும் தயாராகும் வரை 120 நொடி பார்க்கும். நெட்பிளான் என்ற நெட்வொர்க் அமைப்புக் கோப்பில் அந்தப் போர்ட்டை ஆப்ஷனல் என்று குறித்துவிட்டால் சரியாகிவிடும்.

சோதனையில் இதையும் சேருங்கள். கேபிள் இல்லாமல் இன்ஸ்டால், கேபிளோடு இன்ஸ்டால் செய்து கேபிள் இல்லாமல் பூட், பாதி இன்ஸ்டாலில் கேபிளைப் பிடுங்குதல், மூன்றும் வெவ்வேறு சோதனை.

பல மெஷின்களைப் பராமரிப்பவர்: கேள்வி கேட்காமல் தானாக இன்ஸ்டால் செய்ய வைக்கும் ஆட்டோஇன்ஸ்டால் கோப்பை எப்படிச் சோதிப்பது? ஒரு தவறு என்றால் டிஸ்க்கே அழிந்துவிடும் என்று பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானது. அதற்காகவே ஒரு பாதுகாப்பு வைத்திருக்கிறார்கள். பூட்டின்போது கெர்னலுக்குக் கொடுக்கும் வரியில் ஆட்டோஇன்ஸ்டால் என்ற சொல் இல்லாமல் கோப்பு மட்டும் கிடைத்தால், டிஸ்க்கைத் தொடும் முன் இன்ஸ்டாலர் நின்று ‘தொடரலாமா’ என்று கேட்கும். அது உண்மையிலேயே கேட்கிறதா என்பதையே முதல் சோதனையாக வையுங்கள்.

கோப்பை வெறுமையிலிருந்து எழுத வேண்டாம். ஒரு முறை கையால் இன்ஸ்டால் செய்யுங்கள். நீங்கள் தேர்ந்தெடுத்தவை எல்லாம் ஆட்டோஇன்ஸ்டால் கோப்பாக லாக் டைரக்டரியின் இன்ஸ்டாலர் பகுதியில் கிடைக்கும். அதிலிருந்து தொடங்குங்கள். டிஸ்க்கைப் பெயரால் சுட்டாமல் சீரியல் எண்ணாலோ அளவாலோ சுட்டுங்கள். இரண்டு டிஸ்க் இருக்கும் மெஷினில் எது முதலில் எண்ணப்படும் என்பது பூட்டுக்குப் பூட் மாறலாம். டெபியனில் இதே வேலைக்கு ப்ரீசீட் என்று பெயர், கோப்பின் வடிவம் முற்றிலும் வேறு.

ஓர் ஆசிரியை: இன்ஸ்டாலர் தமிழில் வருமா? மாணவர்களுக்குக் காட்ட ஆசை.

டெபியனில் வரும் அம்மா. கிராஃபிக்கல் இன்ஸ்டாலரைத் தேர்ந்தெடுங்கள், மொழிப் பட்டியலில் தமிழ் இருக்கும். வெறும் எழுத்துத் திரையில் தமிழைச் சரியாகக் காட்ட முடியாது என்பதால் அந்த வடிவில் கிடைக்காது. உபுண்டு சர்வர் இன்ஸ்டாலர் எழுத்துத் திரையிலேயே ஓடுவதால் அங்கே தமிழை எதிர்பார்க்க முடியாது. மாணவர்களோடு தமிழில் ஒரு முழு இன்ஸ்டால் செய்து, புரியாத வாக்கியம், வெட்டுப்பட்ட சொல் எல்லாவற்றையும் எழுதி அனுப்புங்கள். நம்மை விட்டால் இதை வேறு யாரும் கவனிக்கப்போவதில்லை.

சந்தேகத்தில் இருப்பவர்: இதையெல்லாம் இப்போது ஓபன்கியூஏ என்ற தானியங்கிக் கருவியே செய்துவிடுகிறதே? என் ஒருவன் சோதனையால் என்ன ஆகிவிடும்?

ஓபன்கியூஏ நல்ல கருவி. ஓபன்சூசே என்ற லினக்ஸ் பக்கம் உருவானது, இன்னொரு லினக்ஸான ஃபெடோராவும் டெபியனும் பயன்படுத்துகின்றன. தானே கீ தட்டி, திரையை முன்பே வைத்திருக்கும் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும். எழுதிக் கொடுத்த பாதையில் அது சலிக்காமல் போகும். யாரும் எழுதிக் கொடுக்காத பாதையில் போக ஆள்தான் வேண்டும்.

கடைசி நேரத்தில் நிறுத்தவும் முடியும் என்பதற்கு நல்ல உதாரணம் டெபியன் 12.3. 2023 டிசம்பர் 9 அன்று வெளியீட்டு வேலை நடந்துகொண்டிருந்தபோதே, 6.1.64 கெர்னலில் எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டத்தில் டேட்டாவைக் கெடுக்கும் பக் இருப்பது தெரிந்தது. 12.3 ஐஎஸ்ஓ வெளியீட்டை நிறுத்தினார்கள். திருத்தத்தோடு 12.4 மறுநாள் வந்தது. உபுண்டு 6.06 (ஆண்டு, மாதம்) பெயரே ஒரு தாமதத்தின் தடம்தான். 2006 ஏப்ரலில் வரவேண்டியதை இன்னும் செம்மைப்படுத்த ஆறு வாரம் தள்ளி ஜூன் 1 அன்று வெளியிட்டார்கள்.

ஒரே ஒருவரால் என்ன ஆகும் என்றால், அதற்கு உதாரணம் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற டெவலப்பர். டெபியனின் வளர்ச்சிப் பதிப்பில் எஸ்எஸ்ஹெச் லாகின் ஏறத்தாழ அரை நொடி தாமதமாவதைக் கவனித்து, கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் மென்பொருள் நூலகத்தில் யாரோ வைத்திருந்த பின்வாசலைக் கண்டுபிடித்தார். 2024 மார்ச் 29 அன்று அதை வெளியிட்டார். அதனால் உபுண்டு 24.04 பீட்டா ஒரு வாரம் தள்ளிப்போனது. அந்தப் பின்வாசல் நிலையான வெளியீடுகளுக்குள் போகாமல் நின்றது. உங்கள் சோதனையில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆன நேரத்தைக் குறித்து வைக்கச் சொல்வது இதனால்தான். போன மாதத்தைவிட மெதுவாக இருக்கிறதே என்று சொல்ல அந்தக் குறிப்பு வேண்டும்.

முதல் முறை ரிப்போர்ட் எழுதப்போகிறவர்: என் ஆங்கிலம் சுமார். பக் ரிப்போர்ட் எழுதத் தயக்கமாக இருக்கிறது.

இலக்கணம் யாரும் பார்ப்பதில்லை. எந்த பில்ட், என்ன மெஷின், பயாஸா யூஇஎஃப்ஐயா, எந்தெந்தத் திரையில் எதைத் தேர்ந்தெடுத்தீர்கள், என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது. குட்டி வாக்கியங்களில் இவ்வளவு இருந்தால் போதும்.

லாக் (இன்ஸ்டாலர் எழுதும் பதிவு) கட்டாயம். உபுண்டுவில் சுபிக்விட்டியின் டிபக் லாக், டிஸ்க்கில் எழுதும் கர்ட்டின் கருவியின் லாக் இரண்டையும் சேருங்கள். இன்ஸ்டாலர் நடுவில் விழுந்தால் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்2 அழுத்தி ஷெல்லுக்குப் போய் எடுக்கலாம். டெபியனில் இன்ஸ்டாலர் மெனுவிலேயே டிபக் லாக் சேமிக்க வழி உண்டு. இன்ஸ்டால் நன்றாக முடிந்திருந்தாலும் இன்ஸ்டாலேஷன் ரிப்போர்ட்ஸ் என்ற பெயரில் ரிப்போர்ட் அனுப்பலாம், அதையும் அவர்கள் படிக்கிறார்கள்.

அனுப்பும் முன் ஒரு விஷயம். இன்ஸ்டாலர் சேமிக்கும் ஆட்டோஇன்ஸ்டால் கோப்பில் உங்கள் பாஸ்வேர்டின் ஹேஷ் (மறைத்து எழுதிய வடிவம்) இருக்கும். பக் ரிப்போர்ட் எல்லோர் கண்ணிலும் படும். அதனால் சோதனை மெஷினுக்கு வேறெங்கும் பயன்படுத்தாத பாஸ்வேர்டை வையுங்கள். வைஃபை சாவி, ஆபீஸ் ப்ராக்ஸி முகவரி எதுவும் லாக்கில் இல்லையென்று தேடிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.