சர்க்கரை பார்ப்பதுபோல ஒரு சொட்டு ரத்தத்தில் பாக்டீரியா நச்சைக் கண்டுபிடிக்க முடியாதா?

இந்த வகை சென்சர்களோடு ஆய்வகத்தில் மல்லுக்கட்டுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். சென்சர் செய்வதில் பெரிய கஷ்டம் இல்லை, ரத்தத்தைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு.

நீங்கள் கேட்பது எண்டோடாக்சினைப் பற்றி என்று எடுத்துக்கொள்கிறேன். ஈ.கோலை போன்ற கிராம் நெகட்டிவ் பாக்டீரியாக்களின் (வெளியே கூடுதலாக ஒரு சவ்வு உள்ள வகை) வெளிச்சவ்வில் இருக்கும் லிப்போபாலிசாக்கரைடு அது. பாக்டீரியா உடையும்போது ரத்தத்தில் கலந்து செப்சிஸை, அதாவது தொற்றுக்கு உடல் கட்டுமீறி எதிர்வினை காட்டி உயிருக்கே ஆபத்தாகும் நிலையை, தூண்டிவிடும்.

முதலில் அளவு. ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் சர்க்கரை சுமார் 1 மில்லிகிராம் இருக்கும். எண்டோடாக்சினோ பைக்கோகிராம் (ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) கணக்கு. 100 பைக்கோகிராம் என்று வைத்துக்கொண்டாலும் சர்க்கரையைவிட ஒரு கோடி மடங்கு குறைவு. சரி, இதையாவது தாண்டிவிடலாம். நச்சைப் பிடித்துக்கொள்ளும் பாலிமிக்ஸின் பி என்ற ஆன்டிபயாடிக்கையோ ஆப்டாமர் என்ற சிறு டிஎன்ஏ/ஆர்என்ஏ இழையையோ தங்க மின்முனையில் ஒட்டி, நச்சு வந்து பிடித்துக்கொள்ளும்போது மின்தடை எவ்வளவு மாறுகிறது என்று பார்த்தால், சுத்தமான பஃபர் கரைசலில் (அமிலத்தன்மை மாறாத வெறும் உப்புக் கரைசல்) அதைவிடக் குறைந்த அளவும் தெரியும்.

அதே சிப்பில் ரத்தத்தை விட்டால் கதை மாறிவிடும். ஆல்புமின் முதலான புரதங்கள் மின்முனை முழுக்க அப்பிக்கொள்ளும். அதைவிட மோசம், நச்சே ஒளிந்துகொள்வது. இந்த மூலக்கூறின் ஒரு முனை சர்க்கரைச் சங்கிலி, மறுமுனை லிப்பிட் ஏ என்ற கொழுப்பு. கொழுப்புக்குத் தண்ணீர் ஆகாது. அதனால் ரத்தத்தில் ஓடும் எச்டிஎல், எல்டிஎல் என்ற லிப்போபுரதத் (கொழுப்பைச் சுமக்கும் புரதம்) துகள்களுக்குள் போய்ப் புதைந்துகொள்ளும். பாலிமிக்ஸின் தேடுவதும் அந்த லிப்பிட் ஏ-யைத்தான். நச்சு இருந்தும் சென்சர் 'இல்லை' என்று காட்டுவது இப்படித்தான். பிளாஸ்மாவை (ரத்த அணுக்கள் நீக்கிய திரவம்) நீர்க்கச் செய்து சூடாக்கினால் கொஞ்சம் வெளியே வரும், ஆனால் ஏற்கெனவே சொற்பமாக இருப்பதை இன்னும் சொற்பமாக்குகிறோம். அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகக் குழு இதைத் திருப்பிப் போட்டு யோசித்தது எனக்குப் பிடித்த வழி: நச்சைச் சுமந்து திரியும் லிப்போபுரதத்தையே ஆன்டிபாடியால் பிடித்துவிட்டு, அதன்மேல் நச்சு இருக்கிறதா என்று பார்ப்பது.

எண்டோடாக்சின் பட்டால் உறையும் குதிரைலாட நண்டின் ரத்தத்தை வைத்துச் செய்யும் எல்ஏஎல் சோதனை இருக்கிறதே என்பீர்கள். ஊசி மருந்துகளைச் சோதிக்க அது அருமையானது. ஆனால் நோயாளியின் ரத்தத்தில் உள்ள என்சைம்கள் அதைக் குழப்பும், பூஞ்சையின் செல்சுவரில் உள்ள பீட்டா குளுக்கானும் பொய்யாகத் தூண்டிவிடும்.

'பத்து நிமிடத்தில் கண்டுபிடிக்கும் சிப்' என்று செய்தி பார்த்தால், எதில் சோதித்தார்கள் என்று தேடுங்கள். பஃபரிலா, நச்சை வெளியிலிருந்து கலந்த பிளாஸ்மாவிலா, உண்மையான நோயாளியின் ரத்தத்திலா? பெரும்பாலும் முதல் இரண்டோடு நின்றிருப்பார்கள்.

இன்னொன்று, ஸ்டஃபைலோகாக்கஸ் போன்ற கிராம் பாசிட்டிவ் பாக்டீரியாக்களிடம் (அந்த வெளிச்சவ்வு இல்லாத வகை) எண்டோடாக்சினே கிடையாது. எவ்வளவு நல்ல எண்டோடாக்சின் சென்சர் வந்தாலும், ரத்தத்தில் உள்ள பாக்டீரியாவை வளர்த்துப் பார்க்கும், நாள் கணக்கில் காத்திருக்க வைக்கும் பிளட் கல்ச்சரை மருத்துவர் அனுப்பத்தான் செய்வார்.