வில்லங்கம் பார்ப்பது

அன்புள்ள அண்ணா,

வணக்கம். நான் சத்தியவேடு பக்கம். ஐந்தாவது வரைக்கும் தமிழ் மீடியம், அப்புறம் தெலுங்கு. பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

அன்னிய முதலீட்டைப் பற்றி நீங்கள் எழுதின கட்டுரையை என் தம்பி போனில் அனுப்பினான். டெல்லி சலித்துத்தான் உள்ளே விடணும், இன்னும் கெட்டியாகச் சலிக்கணும் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் ஒரு சந்தேகம். கோபம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

தடா பக்கத்தில் ஒரு கம்பெனிக்கு ரெண்டாவது யூனிட் வருகிறது, ஆயிரம் பேர் எடுப்பார்கள் என்றார்கள். நகையை வைத்து, சீட்டு எடுத்து, ரோட்டோரம் இருந்த எட்டு சென்டில் ஆறு ரூம் லைன் வீடு கட்டினோம். ஒடிசா பையன்கள், பீகார் பையன்கள், ரூமுக்கு நாலு பேர் என்று கணக்கு. ஒன்றரை வருஷம் ஆகிறது. கூட்டு சேர வேண்டிய வெளிநாட்டுக் கம்பெனியில் சைனாக்காரன் பங்கு இருக்கிறதாம், பைல் டெல்லியில் நிற்கிறதாம். ஆறு ரூமில் ரெண்டில்தான் ஆள். மீதி நாலில் வெங்காய மூட்டை போட்டிருக்கிறோம்.

ஜப்பான்காரன், கொரியாக்காரன், தைவான்காரன் எல்லாரும் இங்கே இருக்கிறார்கள். பணத்துக்கு ஜாதி உண்டா? சைனா பணம் ஆகாது என்றால் என் கையிலிருக்கும் சைனா போன் மட்டும் எப்படி ஆகும்? ராக்கெட் விடும் இடம் பக்கத்தில் இருப்பதால்தான் என்று ஒருவர் சொன்னார். பிறந்ததிலிருந்து மாடியில் நின்று பார்க்கிற ராக்கெட்தானே, அதில் என்ன ரகசியம்?

ஜல்லடை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாடகைக்கு வருகிறவனிடம் நானும்தான் ஆதார் ஜெராக்ஸ் வாங்குகிறேன், ரெண்டு மாத அட்வான்ஸ் வாங்குகிறேன். ஒரே நாளில் சாவி கொடுத்துவிடுகிறேன். இவர்களுக்கு என்ன ஒன்றரை வருஷம்?

பெயர் போட வேண்டாம். வீட்டுக்காரர் அந்தக் கம்பெனியில்தான் காண்ட்ராக்டில் இருக்கிறார்.

ஒரு வாசகி

*

அன்புள்ள தங்கைக்கு,

கடைசியாகக் கேட்டதுதான் உங்கள் கடிதத்தின் உயிர். அதற்கு வருகிறேன். முதலில் போன்.

2015-இல் சியோமி போனை இந்தியாவில் பாகம் பாகமாகச் சேர்க்கத் தொடங்கியது உங்கள் பக்கத்து ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில்தான். பெயர் சீனாவுடையது. சேர்த்துக் கொடுத்த ஃபாக்ஸ்கான் தைவான் கம்பெனி. மண் ஆந்திரா. ஸ்க்ரூ முடுக்கிய விரல்களில் பல ஊத்துக்கோட்டை, கும்மிடிப்பூண்டி, சூளூர்ப்பேட்டை பக்கத்துப் பெண்களுடையவை. அந்தப் போனை நீங்கள் காசு கொடுத்து வாங்கினால் கணக்கு அங்கே தீர்ந்தது. போன் உங்களுடையது. (அதற்குள் ஓடும் செயலிகள் வேறு விவகாரம். 2020 ஜூனில் 59 சீனச் செயலிகளைத் தடை செய்தார்கள், போன்களை விட்டுவிட்டார்கள்.) பங்கு வாங்குவது அப்படித் தீர்கிற கணக்கில்லை. வந்தவர் உள்ளே உட்கார்ந்துகொள்கிறார். கணக்குப் புத்தகத்தைக் கேட்பார், இயக்குநர் நாற்காலி கேட்பார், எந்திரத்தின் வரைபடத்தைக் கேட்பார்.

லைன் வீட்டுக்காரரான உங்களுக்கு இது புரியாததில்லை. வாடகைக்கு வருகிறவனுக்கு ஆதார் ஜெராக்ஸ் போதும். அதே ஆள் நாளைக்கு வந்து, "அக்கா, உங்கள் கடனை நான் அடைக்கிறேன், அந்த எட்டு சென்ட் பட்டாவில் என் பெயரையும் சேருங்கள்" என்றால் ஒரே நாளில் சேர்ப்பீர்களா? சார்பதிவாளர் ஆபீசில் முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்ப்பீர்கள். இவனுக்குப் பணம் எங்கிருந்து வந்தது, பின்னால் எந்தப் பங்காளி நிற்கிறான் என்று நாலு பேரிடம் விசாரிப்பீர்கள். அரசாங்கம் செய்வதும் அதே வில்லங்கம் பார்க்கிற வேலைதான்.

நீங்கள் சொல்லும் பைலுக்கு வேர் 2020-இல் இருக்கிறது. மார்ச்சில் ஊரடங்கு வந்தது, பங்குச் சந்தை சரிந்தது, நல்ல கம்பெனிகள் பாதி விலைக்குக் கிடந்தன. ஏப்ரலில் ஒரு செய்தி. வீட்டுக் கடன் கொடுக்கும் கம்பெனியாக இருந்த எச்டிஎஃப்சியில் சீன மத்திய வங்கியின் பங்கு 0.8 சதவீதத்திலிருந்து 1.01 சதவீதமாக ஏறியிருக்கிறது. ஒரு சதவீதத்தை வைத்துக்கொண்டு அந்தக் கம்பெனியில் ஒரு நாற்காலியைக்கூட நகர்த்த முடியாது. ஆனாலும் டெல்லிக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. ஏப்ரல் 17 அன்று அறிவிப்பு வந்தது: இந்தியாவோடு நில எல்லை உள்ள எந்த நாட்டிலிருந்து முதலீடு வந்தாலும் அரசிடம் முன் அனுமதி வாங்க வேண்டும். அதுவரை பாகிஸ்தான், வங்கதேசம் இரண்டுக்கு மட்டும் இருந்த கட்டுப்பாடு அது. பலரும் எல்லையில் இந்திய, சீன ராணுவங்கள் மோதிய கல்வான் மோதலுக்குப் பிறகு வந்த விதி என்று நினைக்கிறார்கள். கல்வான் நடந்தது ஜூன் 15. இது அதற்கு இரண்டு மாதம் முந்தையது. அறிவிப்பில் சீனாவின் பெயரும் கிடையாது. பெயர் சொல்லாமல் வேலி போட்டதில் நேபாளமும் பூடானும் அதே வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று.

அந்த விதிக்கு இரண்டாம் பாதி ஒன்று உண்டு, இந்த மாதிரி பைல்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது அங்கேதான். பணம் நேராகச் சீனாவிலிருந்து வந்தால் மட்டுமல்ல, சிங்கப்பூர் வழியாகவோ கேமன் தீவு வழியாகவோ வந்தாலும், கடைசியில் அதன் உண்மையான சொந்தக்காரர் யார் என்று பார்க்க வேண்டும். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், பினாமியைத் தாண்டிப் பார்க்க வேண்டும். நல்ல விதி. ஆனால் எவ்வளவு பங்கு இருந்தால் ஒருவரைச் சொந்தக்காரர் என்று கொள்வது? பத்து சதவீதமா, இருபத்தைந்தா, ஒன்றே ஒன்றா? 2020-இன் அறிவிப்பில் அந்த அளவு இல்லை. உலகத்தில் பெரிய கம்பெனி எதை எடுத்துப் பிரித்தாலும் எங்காவது ஒரு மூலையில் ஒரு சீன நிதியத்தின் பங்கு ஒட்டியிருக்கும். அளவு எழுதாத அந்த விதியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அதிகாரி என்ன செய்வார்? கையெழுத்துப் போட்டால் நாளைக்குக் கேள்வி வரும். போடாமலிருந்தால் யாரும் கேட்கப்போவதில்லை.

ராக்கெட்டுக்கு வருகிறேன். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பினால் எங்கள் ஆரம்பாக்கத்திலும் மாடி ஏறுவோம். வானத்தில் தெரிவதில் ரகசியமில்லைதான். ஆனால் அமெரிக்காவில் வடக்கு டகோட்டா மாநிலத்தில் கிராண்ட் ஃபோர்க்ஸ் என்று ஒரு ஊர். நம்முடையதைப் போலவே விவசாய ஊர். ஃபூஃபெங் என்கிற சீனக் கம்பெனி மக்காச்சோளம் அரைக்கும் ஆலை கட்ட அங்கே 370 ஏக்கர் வாங்கியது. ஊர் நிர்வாகம் வரவேற்றது. ஆனால் விமானப்படைத் தளம் சுமார் இருபது கிலோமீட்டரில் இருக்கிறது. வெளிநாட்டு முதலீட்டைச் சலிப்பதற்கென்றே அமெரிக்காவில் 1975 முதல் ஒரு குழு உண்டு. 2018-இல் வந்த சட்டம் ராணுவத் தளங்களுக்குப் பக்கத்து நிலத்தையும் அதன் கைக்குக் கொண்டுவந்தது. அந்தக் குழு பைலைப் பார்த்துவிட்டு, 2022 டிசம்பரில், இது எங்கள் வரம்புக்குள் வரவில்லை என்று கைவிரித்துவிட்டது. அவர்களுடைய பட்டியலில் அப்போது இந்தத் தளத்தின் பெயர் இல்லை! பிறகு 2023 ஜனவரியில் விமானப்படையே கடிதம் எழுதியது, இதனால் எங்களுக்கு ஆபத்து உண்டு என்று. கடிதம் வெளியே வந்தது, ஊரார் படித்தார்கள். பிப்ரவரியில் அந்த ஊரின் மன்றம் கூடி, திட்டம் வேண்டாம் என்று ஓட்டுப் போட்டது.

அங்கேயும் உங்களைப் போல நகையை வைத்தவர்கள் இருந்திருப்பார்கள். நிலம் விற்றவர்கள், லாரி வாங்கத் திட்டம் போட்டவர்கள். அவர்களுக்கு நஷ்டம்தான். ஆனால் ஏன் என்று ஒரு காகிதத்தில் எழுதி அவர்கள் கையில் கொடுத்துவிட்டார்கள்.

நம் விதிகள் முதலில் பார்ப்பது என்ன தொழில், எந்த நாட்டுக்காரர் என்ற இரண்டையும்தான். தொழிலைப் பார்ப்பதில் நாம் அவ்வளவு மோசமில்லை. விண்வெளித் துறையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2024 ஏப்ரல் முதல், செயற்கைக்கோளுக்கான உதிரிபாகம் செய்ய வெளிநாட்டுப் பணம் 100 சதவீதம் வரை கேட்காமல் வரலாம். செயற்கைக்கோளே செய்வதென்றால் 74 வரை. ராக்கெட், ஏவுதளம் என்றால் 49 வரை. அதற்கு மேல் போனால் கேட்டுத்தான் வர வேண்டும். யோசித்துப் போட்ட படிக்கட்டு. ஆனால் ஏவுதளத்துக்குப் பக்கத்து ஊரில் பிஸ்கட் ஆலைக்கு இடம் வாங்கினால் என்ன செய்வது என்று அந்தப் படிக்கட்டில் இல்லை. சீனர் என்றால் பிஸ்கட்டுக்கும் அனுமதி, வேறு நாட்டவர் என்றால் ஏவுதளத்தின் வேலியோரம் வரை கேள்வி இல்லை. பாஸ்போர்ட்டைப் பார்க்கிற அளவுக்கு இடத்தைப் பார்ப்பதில்லை. பணத்துக்கு ஜாதி உண்டா என்று நீங்கள் கேட்டது இந்த இடத்தில் சரியாகவே குத்துகிறது.

இந்தப் பேச்சை எடுத்தாலே யாராவது அம்பாந்தோட்டை என்பார்கள். அங்கே யாரும் பின்வாசல் வழியாக நுழையவில்லை. 2017-இல் இலங்கை அரசே கையெழுத்துப் போட்டு அந்தத் துறைமுகத்தைச் சீனக் கம்பெனிக்கு 99 வருஷக் குத்தகைக்குக் கொடுத்தது. நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதுமில்லை. ஏரிக்கு இந்தப் பக்கம் பழவேற்காடு இருக்கிறது. 1610-இல் விஜயநகர அரசர் இரண்டாம் வேங்கடர் அங்கே டச்சுக்காரர்களுக்கு வியாபாரம் செய்ய அனுமதி கொடுத்தார், போர்ச்சுக்கீசியருக்கு இடமில்லை என்று சொல்லி. அதுவும் சலித்தெடுத்ததுதான், பாஸ்போர்ட் இல்லாத காலத்தில். சாந்தோமிலிருந்த போர்ச்சுக்கீசியர் இரண்டே வருஷத்தில் வந்து டச்சுக்காரர்களின் பண்டகசாலையைத் தாக்கினார்கள். அதையே காரணமாக வைத்து டச்சுக்காரர்கள் 1613-இல் கெல்ட்ரியா கோட்டையை முடித்துக்கொண்டார்கள். வந்தது துணி வாங்க. கொஞ்ச காலத்தில் அங்கே வெடிமருந்து ஆலை ஓடியது, சரக்கு பத்தாவியா (இன்றைய ஜகார்த்தா) வரைக்கும் போனது. வாசலில் நின்று யார் என்று கேட்ட அரசருக்கு, உள்ளே போனபின் என்ன செய்கிறார்கள் என்று எட்டிப்பார்க்க ஆளும் இல்லை, நேரமும் இல்லை. அந்தக் கோட்டையின் மிச்சத்தை நான் பலமுறை போய்ப் பார்த்திருக்கிறேன். முள்ளுச்செடிதான்.

இப்போது உங்கள் ஒன்றரை வருஷம்.

அமெரிக்கக் குழுவுக்குச் சட்டத்திலேயே நாள் எண்ணி வைத்திருக்கிறார்கள். பார்வையிட 45 நாள், தோண்டிப் பார்க்க இன்னும் 45, ஜனாதிபதி முடிவெடுக்க 15. பிரிட்டனில் 2022 ஜனவரி முதல் நடப்பிலிருக்கும் சட்டத்தில் முதல் சுற்றுக்கு 30 வேலை நாள். அங்கேயும் இழுப்பார்கள், திரும்ப விண்ணப்பிக்கச் சொல்வார்கள். ஆனாலும் தேதி என்று ஒன்று இருக்கிறது. இங்கே 1991 முதல் இதற்கென ஒரு வாரியம் இருந்தது. 2017-இல் அதைக் கலைத்துவிட்டு, அந்தந்த அமைச்சகமே பார்த்துக்கொள்ளும் என்றார்கள். பத்துப் பன்னிரண்டு வாரத்தில் முடிக்க வேண்டும் என்று வழிமுறையில் எழுதியிருக்கிறது. அந்த வாரம் கடந்துவிட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. பைல் உள்துறைக்குப் போகும், வெளியுறவுக்குப் போகும், ஒரு விளக்கம் கேட்டுத் திரும்பி வரும்.

அரசாங்கத்துக்கு வேகம் தெரியாது என்றும் சொல்ல முடியாது. 2025 மே மாதம், பதினைந்து வருஷத்துக்கு மேலாக நம் விமான நிலையங்களில் வேலை பார்த்த துருக்கிக் கம்பெனி செலிபியின் பாதுகாப்பு அனுமதியை ஒரே உத்தரவில் ரத்து செய்தார்கள். காரணம் மூடிய உறையில் நீதிமன்றத்துக்குப் போனது, ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றம் அரசு செய்தது சரி என்றது. வேண்டாம் என்று தீர்மானித்துவிட்டால் ஒரு நாள் போதும். வேண்டுமா வேண்டாமா என்று தெரியாதபோதுதான் வருஷக்கணக்கு. டெல்லிக்கே இதில் ரெண்டு மனசு. 2024-இன் பொருளாதார ஆய்வறிக்கை, சீனாவிலிருந்து சரக்கை இறக்குமதி செய்வதைவிட அவர்கள் முதலீட்டைக் கொண்டுவந்து இங்கேயே செய்து ஏற்றுமதி பண்ணுவது மேல் என்று எழுதியது.

என் கட்டுரையை எடுத்து மறுபடி படித்தேன். சலிக்க வேண்டும் என்றதை மாற்றிக்கொள்ளப்போவதில்லை. வெடிமருந்துக் கதையைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன், மாற மாட்டேன். ஆனால் 'இன்னும் கெட்டியாக' என்று எழுதியபோது வெங்காய மூட்டை போட்ட நாலு ரூம் என் கண்ணில் இல்லை. வேண்டாம் என்றால் மூன்று மாதத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும், வெளியே சொல்லக்கூடிய அளவுக்காவது காரணத்தை எழுத வேண்டும், உங்கள் பஞ்சாயத்துக்கும் ஒரு பிரதி வர வேண்டும். நீங்களும் அந்தக் கூட்டு முடிந்த கதை என்று கணக்கைத் தீர்த்து, ரூமை வேறு ஆளுக்கு விட்டிருப்பீர்கள். இந்த வரியைப் பழைய கட்டுரையின் கீழே சேர்த்திருக்கிறேன்.

கேட்காத யோசனை ஒன்று. பைல் நகர்ந்துவிட்டது என்று யாராவது சொன்னால் அதை நம்பி மாடி எடுக்காதீர்கள். அனுமதி வந்த பிறகும் இயந்திரம் வந்து இறங்க ஒரு வருஷம் பிடிக்கும். தினம் பஸ்ஸில் இரண்டு மணி நேரம் போய்வரும் பெண்கள் அந்தப் பக்கத் தொழிற்சாலைகளில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு ரூம் விடலாமா என்று வீட்டில் பேசிப் பாருங்கள், வாடகை குறைவாக இருந்தாலும்.

கம்பெனியின் பெயரையும் உங்கள் ஊரின் பெயரையும் எடுத்துவிட்டேன். எழுத்துப் பிழை நாலைந்துதான் இருந்தது, திருத்திவிட்டேன். 'ஜல்லடை' என்பதை மட்டும் சல்லடை ஆக்கவில்லை. என் அம்மாவும் அப்படித்தான் சொல்வாள்.

அன்புடன்,
அண்ணன்