இலங்கையின் தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த மலையகத்தில், இடதுசாரி லங்கா சமசமாஜக் கட்சி ஏன் வேர்விடவில்லை?

வேர்விட்டது, அதை அறுத்தவர்களில் கட்சிக்காரர்களும் உண்டு.

கட்சி தொடங்கியது 1935இல். 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டைப் பக்கம் முல்லோயா தோட்டத்தில், சதக் கணக்கில் கூலி உயர்வு கேட்ட வேலைநிறுத்தத்தைப் பின்நின்று நடத்தியது அவர்களின் தொழிற்சங்கம்தான். அங்கே பொலிஸ் சுட்டுக் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். அதே ஆண்டு தலைவர்கள் சிறைக்குப் போனார்கள். 1942இல் கண்டி போகம்பரைச் சிறையிலிருந்து தப்பியபோது, காவலரே கூட வந்துவிட்டார்!

1948இல் தோட்டத் தமிழரின் குடியுரிமை பறிபோனபோது கட்சி எதிர்த்து வாக்களித்தது. ஆனால் அடுத்த ஆண்டே வாக்குரிமையும் போயிற்று. வாக்கில்லாத லயத்துக்கு, அந்தத் தொழிலாளர் குடியிருப்பு வரிசைக்கு, எந்தக் கட்சி ஏறி வரும்? தொழிலாளரைத் தோட்டத் தமிழர் தலைவர் தொண்டமானின் தொழிற்சங்கமான காங்கிரஸ் திரட்டிக்கொண்டது.

மன்னிக்க முடியாதது 1964. ஜூனில் சமசமாஜிகள் பிரதமர் சிறிமா பண்டாரநாயக்கவின் அமைச்சரவையில் சேர்ந்தார்கள். உலக ட்ரொட்ஸ்கியக் கட்சிகளின் அமைப்பான நான்காம் அகிலம் அவர்களை வெளியேற்றியது. அக்டோபரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பும் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானபோதும் அரசில்தான் இருந்தார்கள். 1970இல் கட்சித் தலைவர்களில் ஒருவரான கொல்வின் ஆர். டி சில்வா பெருந்தோட்ட அமைச்சரானார். அவர் பதவியில் இருந்த காலத்திலேயே தோட்டங்களில் பட்டினிச் சாவு.

1977 தேர்தலில் ஓர் ஆசனமும் இல்லை.