மைத்துனர் சொன்னது சரி, காரணம்தான் தப்பு

கேள்வி: ஆல்ப்ஸ் மலையில் பனிச்சறுக்குக்குச் சிறந்த ஊர் எது? ஒரு பட்டியலில் சுவிட்சர்லாந்தின் செர்மாட் முதலிடம், இன்னொன்றில் பிரான்சின் வால் தோரன்ஸ். சூரிச்சில் இருக்கும் என் மைத்துனரோ, 'செயின்ட் ஆன்டனை விட்டால் வேறு ஊரே கிடையாது, ராத்திரி முழுக்க ஆட்டம் பாட்டம்' என்கிறார். மே மாதப் பள்ளி விடுமுறையில் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு போகத் திட்டம். நாங்கள் யாரும் பனியைக் கண்ணால் பார்த்ததில்லை. மழுப்பாமல் ஒரே ஒரு பெயர் சொல்லுங்கள். — கோவை வாசகர் ஒருவர்

பதில்: சொல்கிறேன், மழுப்ப மாட்டேன். ஆனால் அந்தப் பட்டியல்களை முதலில் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடுங்கள்.

பட்டியல் போடுகிறவர்களுக்குப் பிடித்த கணக்கு, ஓர் ஊரில் எத்தனை கிலோமீட்டர் சறுக்குப்பாதை என்பது. பிரான்சின் 'மூன்று பள்ளத்தாக்குகள்' என்ற சறுக்குப் பகுதி 600 கி.மீ. என்று மார்தட்டும், செர்மாட்டோ, மலைக்கு அந்தப் பக்கம் இத்தாலியின் செர்வினியாவையும் சேர்த்துக்கொண்டு 360 என்னும். இதையெல்லாம் யார் அளந்தார்கள்? பெரும்பாலும் அவர்களேதான். கிறிஸ்டோஃப் ஷ்ராஹே என்ற ஜெர்மானியர் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அளந்து 2013-இல் கணக்கை வெளியிட்டபோது, வெர்பியே இருக்கும் சுவிஸ் 'நான்கு பள்ளத்தாக்குகள்' சொல்லிக்கொண்டிருந்த 412 கி.மீ., 164 ஆகச் சுருங்கியது. பாதி கூட இல்லை! சில ஊர்கள் இதற்குச் சொன்ன சமாதானம் இன்னும் அழகு: சறுக்குகிறவர் நேராகவா இறங்குகிறார், வளைந்து வளைந்துதானே இறங்குகிறார், அந்த வளைவையும் சேர்த்துத்தான் கணக்கிட்டோம் என்றார்கள். குடிகாரர் தள்ளாடி நடந்த தூரத்தை வைத்துத் தெருவின் நீளத்தைச் சொல்வது மாதிரி.

அடுத்தது பெயர். ஆஸ்திரியாவின் கிட்ஸ்பியூல் என்றதும் எல்லோரும் உருகுவார்கள். 1931-இல் தொடங்கிய ஹானென்காம் சறுக்குப் பந்தயம், ஸ்ட்ரைஃப் என்ற அந்தப் பயங்கரமான இறக்கம், எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த இறக்கத்தில் பந்தயம் ஓடுகிறவர்கள் ஒரு கைப்பிடிப் பேர். நீங்களும் நானும் சறுக்கப்போவது பக்கத்திலிருக்கும் சாதாரணச் சரிவுகளில், அதுவும் 760 மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிற ஊரில், பனி வருமா வராதா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டு. பிரான்சின் கூர்ஷெவெல்? மலைச்சரிவிலேயே விமான ஓடுதளம் வைத்திருக்கிறார்கள். விமானம் வைத்திருப்பவர்களுக்குச் சிறந்த ஊர், சந்தேகமில்லை.

இந்தப் பட்டியல்கள் சொல்லாத விஷயத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு மார்ச் மாதம். ஊர் பெயர் வேண்டாம். ஐம்பது வயதில் ஆசைப்பட்டு மூன்று நாள் பயிற்சி வகுப்பில் சேர்ந்தேன், கூடப் படித்தவர்கள் எல்லாம் நான்கைந்து வயதுக் குழந்தைகள். அந்த பூட்ஸைப் போட்டுக்கொண்டால் கணுக்கால் மடங்காது. சறுக்குகிறவர்களை மலைமேல் ஏற்றிவிடும் லிஃப்ட் நிலையத்தின் இரும்புப் படிகளில் நண்டு மாதிரிப் பக்கவாட்டில்தான் இறங்க முடியும். காலில் கட்டும் சறுக்குப் பலகைகளின் முன்நுனிகளைச் சேர்த்து, பின்பக்கத்தை அகட்டி வைத்தால் வேகம் குறையும், அந்த வடிவத்துக்குப் பெயர் பீட்சா. பயிற்சியாளர் 'பீட்சா, பீட்சா' என்று கத்தக் கத்த நான் வேலியில் போய் முட்டினேன், ஒரு குட்டிப் பெண் என்னைச் சுற்றிக்கொண்டு போனாள். அது கிடக்கட்டும். நான் கவனித்தது அந்தச் சரிவை. தெற்குப் பார்த்த சரிவு. காலை ஒன்பது மணிக்கு இரவில் இறுகிய பனி, கண்ணாடி மாதிரி, விழுந்தால் இடுப்பு போய்விடும். பதினொரு மணிக்குப் பதமாக, வெண்ணெய் போல. மூன்று மணிக்கு அதே இடம் கரைந்து சர்பத், பலகை புதைகிறது. ஒரே ஊர், ஒரே சரிவு, ஒரே நாள். இதில் எந்த மணி நேரத்தைப் பார்த்து அந்த ஊருக்கு நட்சத்திரம் போட்டார்கள்?

ஆகவே என் கணக்கு வேறு: எவ்வளவு உயரம், எந்தத் திசை பார்த்த சரிவு, எந்த மாதம். இனிமேல் இது இன்னும் கறாராகும். 2023 ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் ஆடல்போடனில் உலகக்கோப்பைப் பந்தயம் நடந்தபோது சுற்றிலும் பச்சைப் புல், நடுவில் செயற்கைப் பனியால் போட்ட ஒரு வெள்ளைப் பட்டை. அதே ஆண்டு வெளியான ஓர் ஆய்வு ஐரோப்பாவின் 2,234 சறுக்கு ஊர்களைக் கணக்கெடுத்து, வெப்பம் 2 டிகிரி கூடி, செயற்கைப் பனி தூவும் பீரங்கியும் இல்லையென்றால் 53 சதவீதத்துக்குக் கடும் பனித் தட்டுப்பாடு என்றது. உயரம் மட்டும் இருந்தால் போதுமா என்றால் அதுவும் இல்லை. செர்மாட்டின் மேல் கேபிள் கார் நிலையம் 3,883 மீட்டரில் இருக்கிறது. அங்கே இருக்கும் பனியாற்றில், அதாவது கோடையிலும் கரையாத பெரும் பனிப்பரப்பில், தொடங்கி இத்தாலிக்குள் இறங்கும் பந்தயம் ஒன்றுக்கு ஏற்பாடு செய்தார்கள், 2022-இல் பனி போதவில்லை, 2023-இல் பனிப்பொழிவும் காற்றும் ஓயவில்லை, இரண்டு வருடமும் ஒரு பந்தயம்கூட நடக்கவில்லை.

சரி, பெயர். ஆஸ்திரியாவின் ஆர்ல்பெர்க். அதாவது உங்கள் மைத்துனரின் செயின்ட் ஆன்டன், அதோடு பக்கத்து ஊர்களான லெஷ், சூர்ஸ். ஆட்டம் பாட்டத்துக்காக அல்ல. வடமேற்கிலிருந்து வரும் மேகங்கள் அந்த மலைத்தொடரில் முட்டி மூட்டையை அவிழ்த்துவிடுவதால் பனி தாராளம். 2016-இல் புது கேபிள் கார் வந்தபிறகு பேருந்து ஏறாமலே ஊருக்கு ஊர் சறுக்கிப் போகலாம். அதற்கும் மேலே, இந்த விளையாட்டை உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்த இடங்களில் அது முக்கியமானது. 1901-இலேயே அங்கே சறுக்குச் சங்கம் ஆரம்பித்துவிட்டார்கள். ஹானஸ் ஷ்னைடர் என்ற உள்ளூர் ஆசான் படிப்படியாகச் சொல்லிக்கொடுக்கிற முறையை அங்கேதான் உருவாக்கினார். 1938-இல் நாஜிகள் அவரைக் கைது செய்தார்கள், அடுத்த வருடம் அமெரிக்கா போய் அங்கேயும் அதையே சொல்லிக்கொடுத்தார். நான் வேலியில் முட்டியதற்கு அவர் பொறுப்பல்ல.

ஆனால் நீங்கள் அங்கே போகாதீர்கள். முதல் காரணம், செயின்ட் ஆன்டனில் நீல வண்ணம் குறித்த 'சுலபப்' பாதையே மற்ற ஊர்களில் சிவப்பு குறித்த கடினமான பாதைக்குச் சமம், முதல் தடவை போகிற பிள்ளைகள் அழுதுவிடுவார்கள். இரண்டாவதுதான் முக்கியம், கேள்வியிலேயே அது இருக்கிறது, நீங்கள் கவனிக்கவில்லை: மே மாதம். ஆல்ப்ஸில் பெரும்பாலான ஊர்கள் ஈஸ்டரை ஒட்டி லிஃப்டுகளை நிறுத்திவிடுவார்கள். நம் பள்ளி விடுமுறைக்கு மிஞ்சுவது விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். ஊட்டியைவிடக் கொஞ்சம் உயரத்தில், 2,300 மீட்டரில் இருக்கும் வால் தோரன்ஸ் மே முதல் வாரம் வரை தாக்குப்பிடிக்கும். செர்மாட்டும் ஆஸ்திரியாவின் ஹின்டர்டுக்ஸும் பனியாற்றின் மேலே வருடம் முழுக்கச் சறுக்கலாம் என்பவை, ஆனால் முதன்முதலாகப் பலகை கட்டுகிற குழந்தைக்கு மூவாயிரம் மீட்டருக்கு மேலே மூச்சு வாங்கும், தலை வலிக்கும்.

பிள்ளைகள் பனியைப் பார்க்க வேண்டும், உருட்ட வேண்டும், அவ்வளவுதானே? சுவிட்சர்லாந்தின் யுங்ஃபிரவ்யோக் மலைக்கணவாய்க்கு ரயிலேறுங்கள். 1912-லிருந்து ஓடுகிறது, 3,454 மீட்டர் வரை உட்கார்ந்தபடியே போகலாம், மேயிலும் பனி இருக்கும். அதுவும் உயரம்தான், ஆனால் அங்கே யாரும் காலில் பலகை கட்டிச் சரிவில் தள்ளப்போவதில்லை. நல்ல ஜெர்கினும் கையுறையும் போதும். சறுக்கியே தீரவேண்டும் என்றால் அரையாண்டு விடுமுறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள், விலை எகிறும், தெரிந்துகொண்டு போங்கள்.

மைத்துனரை ஜனவரியில் தனியாகச் செயின்ட் ஆன்டனுக்கு அனுப்பிவையுங்கள். முழங்காலுக்கும் சேர்த்துக் காப்பீடு எடுத்தாரா என்று மட்டும் ஒரு வார்த்தை கேளுங்கள்.