அவர்கள் சொன்னால் அன்பு, நான் சொன்னால் அவமானமா?

வாசகர் ஒருவரின் கேள்வி, சுருக்கமாக: "என் நெருங்கிய நண்பர் தன்பாலீர்ப்பாளர். அவரும் அவருடைய வட்டத்து நண்பர்களும் தங்களுக்குள் கூப்பிட்டுக்கொள்ள ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். வெளியில் அது கேவலமான வசவு. 'நீயும் அப்படியே கூப்பிடு, எனக்கு ஒன்றுமில்லை' என்று நண்பர் பலமுறை சொல்லியிருக்கிறார். போன மாதம் அவருடைய பிறந்தநாள் விருந்தில் அப்படிக் கூப்பிட்டேன். சிரிப்பு நின்றுபோனது. அவருடைய தோழி ஒருவர் தட்டை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். என் மனதில் துளியும் கேலி இல்லை, அனுமதியும் இருந்தது. ஒரே சொல்லுக்கு ஏன் ஆளுக்கொரு நியாயம்? பாட்டில் வந்தால்கூடப் பாடக்கூடாதா? நான் இப்போது என்ன செய்வது?"

நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். நண்பர் தந்த அனுமதி உங்கள் இருவருக்குள் மட்டும்தான் செல்லும். அந்த விருந்தில் அது செல்லாது. உங்கள் மனதில் கேலி இல்லை என்பதை நான் நம்புகிறேன். ஆனால் அந்த மேசையில் இருந்தவர்களுக்கு உங்கள் மனம் தெரியாது, குரல் மட்டும்தான் கேட்டது.

மழை, நாற்காலி போன்ற சொற்களை யார் சொன்னாலும் பொருள் மாறாது. சொல்வதாலேயே ஒரு காரியம் நடந்துவிடுகிற பேச்சு வேறு வகை. "உங்களுக்கு ஐந்தாண்டுச் சிறை" என்று நீதிபதி சொன்னால் ஒருவர் சிறைக்குப் போகிறார். பார்வையாளர் வரிசையிலிருந்து நீங்கள் அதையே சொன்னால் உங்களைத்தான் வெளியே அனுப்புவார்கள். ஜே. எல். ஆஸ்டின் என்ற ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் விளக்கியது இதைத்தான்: சொல் சரியாக இருந்தால் போதாது, சொல்பவரும் அதற்கு உரியவராக இருக்க வேண்டும். வசவும் அப்படி ஒரு காரியம். "உன் இடம் எனக்குக் கீழே" என்று ஒருவரை உட்கார வைக்கிற காரியம்.

வசவு குறிவைக்கும் குழுவைச் சேர்ந்தவரே தன் கூட்டாளியிடம் அந்தச் சொல்லைச் சொன்னால் இந்தக் காரியம் நடக்க வழியில்லை. அவர் மேலே நிற்கவில்லை, அவரும் அதே சொல்லால் அடிபட்டவர். கேட்பவர் எதையும் யோசித்துப் பார்க்க வேண்டியதில்லை. அதனால் அந்தச் சொல்லுக்கு வேறு வேலை கொடுக்க முடிகிறது. திட்டியவர்களைப் பழித்துக்காட்டலாம், "நம்ம ஆள்" என்று காட்டிக்கொள்ளலாம், சும்மா சிரித்துக்கொள்ளலாம். இத்தாலியத் தத்துவ அறிஞர் கிளாடியா பியாங்கி 2014-இல் இதை ஒருவகை எதிரொலி என்று விளக்கினார். திட்டியவனின் குரலை அவனுக்கே திருப்பிப் பாடிக் காட்டுவது. திட்டியவர்கள் கூட்டத்தைப் போலவே வெளியே இருக்கும் ஒருவர் அதைச் சொன்னால், எதிரொலி எது, அசல் குரல் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

உங்கள் விருந்தில் நடந்தது இதுதான். நீங்கள் சொன்ன அந்த நொடியில் தோழி ஒரு கணக்குப் போட வேண்டியிருந்தது. இவர் யார்? என்ன அர்த்தத்தில் சொல்கிறார்? எல்லோரும் சிரித்தால் நானும் சிரிக்க வேண்டுமா? நான் யாரென்று இவருக்குத் தெரியுமா? நண்பருக்கு உங்களைப் பல ஆண்டுகளாகத் தெரியும், அவருக்கு விடை கையிலேயே இருந்தது. தோழிக்கு இல்லை. எழுந்து போனது கோபமாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. கணக்குப் போடப் பிடிக்காமல் போயிருக்கலாம்.

இதை விளக்கப் பலரும் குடும்ப உதாரணம் சொல்வார்கள். தம்பியை நாம் தண்டச்சோறு என்று திட்டலாம், பக்கத்து வீட்டுக்காரர் திட்டினால் விடமாட்டோம் என்று. அது பாதிதான் சரி. பக்கத்து வீட்டுக்காரர் வாய்க்குப் பின்னால் ஓர் ஊரே நிற்பதில்லை. அவர் சொன்னதால் தம்பிக்கு வாடகை வீடு மறுக்கப்படாது, வேலை போகாது, யாரும் கையோங்க மாட்டார்கள். குழுவைக் குறிவைத்த வசவுக்குப் பின்னால் இதெல்லாம் வரிசையாக நிற்கிறது. நெருக்கம் இருக்கிறதா என்று பார்ப்பதோடு, அந்தச் சொல்லுக்கான விலையை யார் கொடுத்தார்கள் என்றும் பார்க்க வேண்டும்.

இந்த விதியை இன்றைய இளைஞர்கள் கண்டுபிடித்ததாகச் சிலர் அலுத்துக்கொள்கிறார்கள். நூறாண்டுக்கு முந்தைய கதை ஒன்று சொல்கிறேன். தோல், இறைச்சி சார்ந்த தொழில்களோடு கட்டிவைக்கப்பட்டு, பிறப்பாலேயே இழிவாக நடத்தப்பட்டவர்கள் ஜப்பானின் புராக்கு மக்கள். 1871-இல் அரசாணை அவர்களைச் சட்டப்படி சமமாக்கியது, வசவு மட்டும் போகவில்லை. 1922 மார்ச் 3 அன்று கியோட்டோவில் கூடி சுய்ஹெய்ஷா என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அன்று வாசித்த அறிக்கை, தங்களை இழிவுபடுத்திய அதே பெயரைச் சொல்லி, இந்தப் பெயருக்காகப் பெருமைப்படும் காலம் வந்துவிட்டது என்றது. அதே கூட்டத்தின் முதல் தீர்மானமோ, அந்தப் பெயரால் எங்களை அவமதிக்க நினைப்பவர் யாராயினும் விடாமல் தட்டிக்கேட்போம் என்றது. பெருமையும் எச்சரிக்கையும் ஒரே நாளில், ஒரே மேடையில்.

முதல் பார்வைக்கு முரண்பாடாகத் தெரியும். யோசித்தால், எச்சரிக்கை இல்லாமல் பெருமை நிற்காது. யார் வேண்டுமானாலும் சொல்லலாம் என்று திறந்துவிட்டால், பழைய ஆட்கள் பழைய விஷத்தோடு அதே பெயரைச் சொல்லிவிட்டு, "நீங்களே சொல்கிறீர்களே!" என்று நழுவிவிடுவார்கள். (அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதாமலே விஷயம் புரிந்துவிட்டது, இல்லையா? உங்கள் பாட்டுக் கேள்விக்குப் பாதி விடை இதிலேயே இருக்கிறது.)

சரி, அனுமதிக்கு வருவோம். நண்பர் தன் சார்பில்தான் அனுமதி தர முடியும். அந்தத் தோழியின் சார்பில் தர அவருக்கு உரிமை இல்லை. அவர் அந்தக் குழுவின் தலைவர் அல்லவே. அப்படிப்பட்ட தலைவர் எந்தக் குழுவிலும் கிடையாது. அதோடு, அனுமதி என்பது ஆளையும் இடத்தையும் சேர்த்துப் பார்த்துத் தரப்படுவது. வீட்டு மாடியில் அந்தச் சொல்லைக் கேட்டுச் சிரிக்கிற அதே நண்பர், மேலதிகாரி முன்னால் நீங்கள் சொன்னால் முகம் வெளுத்துப்போவார்.

குழுவுக்குள்ளேயே இதில் ஒருமித்த கருத்து கிடையாது என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் தொடங்கிய பத்திரிகைக்குப் 'பறையன்' என்றே பெயர் வைத்தார். ஒளியாமல், அந்தப் பெயராலேயே நிமிர்ந்து நின்று உரிமை கேட்க வேண்டும் என்பது அவர் வழி. அயோத்திதாசப் பண்டிதர் அந்தப் பெயரையே ஏற்கவில்லை. அது எதிரிகள் சுமத்தியது என்று தள்ளிவிட்டு, பூர்வத் தமிழர் என்ற அடையாளத்தை முன்வைத்தார். 1907-இல் அவர் தொடங்கிய இதழின் பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. இருவரும் மைத்துனர்கள் வேறு! ஒரே குடும்பத்தில், ஒரே காயத்துக்கு, இரண்டு மருந்து. அமெரிக்காவிலும் இப்படித்தான். கறுப்பின மக்களின் பழம்பெரும் உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி. 2007-இல் டெட்ராய்ட் நகரில், தங்கள் மேல் வீசப்பட்ட அந்த வசவுக்குச் சவப்பெட்டி வைத்து இறுதி ஊர்வலமே நடத்தியது. ராப் பாடகர்கள் பலர் அதை விடுவதாக இல்லை.

ஆக, குழுவைச் சேர்ந்திருப்பதாலேயே அந்தச் சொல்லை எல்லோரிடமும் சொல்லும் உரிமை வந்துவிடாது. அந்த விவாதத்தில் உட்கார ஓர் இடம் கிடைக்கிறது, அவ்வளவுதான். எந்தக் குழு என்பதும் நாம் நினைக்கிற அளவு எளிதல்ல. 2011-இல் டொராண்டோவில் ஒரு போலீஸ்காரர், பாதிக்கப்படாமல் இருக்கப் பெண்கள் நடத்தைகெட்டவர்களைப் போல உடுத்தாமல் இருக்க வேண்டும் என்று மாணவர்களிடம் பேசினார். அவர் பயன்படுத்திய வசவையே பெயராக்கிப் பெண்கள் ஊர்வலம் போனார்கள், அது பல நாடுகளுக்குப் பரவியது. அதே ஆண்டு செப்டம்பரில் கறுப்பினப் பெண்கள் ஒரு திறந்த மடல் எழுதினார்கள். அடிமைக் காலம் தொட்டு எங்கள் உடல்மேல் சுமத்தப்பட்டது வேறு, இந்தச் சொல்லை எடுத்துச் சூடிக்கொள்ளும் வசதி எங்களுக்கு இல்லை என்பது அதன் சாரம். பெண் என்ற ஒரே குடையின் கீழ் எல்லோரும் நின்றாலும் எல்லோர் மேலும் ஒரே மழை பெய்யவில்லை.

சட்டம் இதில் என்ன சொல்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. இடத்துக்கு இடம் மாறுகிறது. அமெரிக்காவில் சைமன் டாம் என்ற ஆசிய அமெரிக்க இசைக்கலைஞர், தங்கள் கண்களைக் கேலி செய்த வசவையே தன் இசைக்குழுவுக்குப் பெயராக வைத்தார். இழிவான பெயர் என்று வணிகக்குறி அலுவலகம் பதிவு செய்ய மறுத்தது. 2017-இல் உச்ச நீதிமன்றம் எட்டு நீதிபதிகளும் ஒருமனதாக அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஆனால் அந்தக் கதவு வழியே இன்னொருவரும் உள்ளே வந்துவிட்டார். தொல்குடி அமெரிக்கர்களைக் குறிக்கும் வசவைப் பெயராக வைத்திருந்த வாஷிங்டன் அமெரிக்கக் கால்பந்து அணியின் வணிகக்குறி 2014-இல் ரத்தாகியிருந்தது, இந்தத் தீர்ப்பால் அதுவும் பிழைத்தது. யார் சொல்கிறார் என்று சட்டம் பார்க்கவில்லை, மக்கள் பார்த்தார்கள். விளம்பரதாரர்கள் நெருக்கியதும் 2020-இல் அணியே பெயரைக் கைவிட்டது. இந்தியாவின் 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமோ எடுத்த எடுப்பிலேயே ஆளைப் பார்க்கிறது. பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராத ஒருவர், பொதுப் பார்வையில் அவர்களைச் சாதிப் பெயரால் திட்டினால்தான் அதன்படி குற்றம். சொல்பவர் யார் என்பது குற்றத்தின் இலக்கணத்திலேயே இருக்கிறது.

"அப்படியானால் எனக்கு மட்டும் தடையா?" என்று உங்களுக்குத் தோன்றலாம். இதில் எனக்கு அனுதாபம் குறைவு. அந்தச் சொல்லை விட்டால் உங்களுக்கு என்ன நஷ்டம்? நண்பருக்குப் பெயர் இருக்கிறது, பட்டப்பெயர் இருக்கும், டேய் இருக்கிறது. அவர்களுக்கு நஷ்டம் உண்டு. 2013-இல் ஆடம் கலின்ஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் பத்துச் சோதனைகளின் முடிவை வெளியிட்டார்கள். இழிபெயரை ஒருவர் தானே சூட்டிக்கொள்ளும்போது, அவருக்கும் வலிமை கூடியதாகத் தோன்றுகிறது, பார்ப்பவர்களுக்கும் அப்படியே தோன்றுகிறது. தானே சூட்டிக்கொள்வதில்தான் அந்தப் பலன் இருக்கிறது.

தடை என்றென்றைக்கும் இருக்கும் என்றும் இல்லை. வாக்குரிமை கேட்ட பெண்களைக் கிண்டலடிக்க 1906-இல் லண்டன் நாளிதழ் ஒன்று உருவாக்கிய சொல் 'சஃப்ரஜெட்'. அந்தப் பெண்களே அதை எடுத்துக்கொண்டு 1912-இல் தங்கள் பத்திரிகைக்கும் சூட்டினார்கள். இன்று யார் சொன்னாலும் யாரும் முகம் சுளிப்பதில்லை. தன்பாலீர்ப்பாளர்களைத் திட்டப் பயன்பட்ட 'குயர்' என்ற ஆங்கிலச் சொல் இப்போது பாதி வழி வந்திருக்கிறது. 1990-இல் நியூயார்க்கில் போராளிகள் அதைக் கொடியாக்கினார்கள், பிறகு பல்கலைக்கழகப் பாடத்தின் பெயரானது. "குயர் சமூகம்" என்று நீங்கள் எழுதலாம். அதை அடி வாங்கிக் கேட்ட வயதான ஒருவரைப் பார்த்து "நீங்கள் குயரா?" என்று கேட்காதீர்கள். அந்தச் சமூகத்தின் அமைப்புகளே வெளியாட்களுக்கான அறிக்கையிலும் அழைப்பிதழிலும் ஒரு சொல்லைப் போடுகின்றனவா என்று பாருங்கள். போட்டால் அது திறந்துவிட்டது. உங்கள் நண்பர் வட்டத்துச் சொல் அப்படித் திறந்ததாகத் தெரியவில்லை.

பாட்டு: அந்தச் சொல் வரும் இடத்தில் வாயை மூடிக்கொள்ளுங்கள், தாளம் ஒன்றும் கெட்டுவிடாது. மேற்கோள் வேறு விஷயம். புகார் மனுவிலும் சாட்சியத்திலும் ஆய்விலும் என்ன சொல்லப்பட்டது என்பதை அப்படியே எழுதத்தான் வேண்டும், மழுப்பினால் பாதிக்கப்பட்டவருக்குத்தான் இழப்பு. நண்பர்களிடம் கதை சொல்லும்போது அந்தத் தேவை இல்லை.

இன்னொன்று. உங்களுக்குத் தெரியாத ஒருவர் அந்தச் சொல்லைச் சகஜமாகச் சொல்வதைக் கேட்டால், "நீ அந்தக் குழுவா?" என்று சபையில் விசாரிக்கப் போகாதீர்கள். வெளியே சொல்லாமல் வாழ்பவர்கள் இருக்கிறார்கள். உங்கள் கேள்விக்குப் பதில் சொல்வதே அவர்களுக்கு ஆபத்தாக முடியலாம்.

இனி செய்ய வேண்டியது. நண்பரிடம், நாலு பேர் முன்னால் இனி அப்படிக் கூப்பிடமாட்டேன் என்று சொல்லிவிடுங்கள். தனியாக இருக்கும்போது என்றால் அது உங்கள் இருவர் பாடு. என்னைக் கேட்டால் அங்கேயும் விட்டுவிடச் சொல்வேன், தனியாகப் பழகியதுதானே விருந்திலும் வாயில் வந்தது? தோழிக்கு நேரில் போக வேண்டாம், எழுதி அனுப்புங்கள். "அன்று அந்தச் சொல்லை நான் சொல்லியிருக்கக் கூடாது. மன்னியுங்கள். இனி சொல்லமாட்டேன்." இதற்கு மேல் ஒரு வரியும் வேண்டாம். "அவன்தான் கூப்பிடச் சொன்னான்" என்று சேர்த்தால் நண்பரைக் கூண்டில் ஏற்றியதாகிவிடும். "நான் தப்பாக நினைத்துச் சொல்லவில்லை" என்று சேர்த்தால், உங்களைச் சமாதானப்படுத்தும் வேலை அவர் தலையில் விழும். பதில் வராவிட்டால் இரண்டாவது முறை அனுப்பாதீர்கள்.