சென்னையில் ஜுவல் ஆர்க்கிட் வளருமா? வாங்கிய மூன்று வாரத்தில் தண்டு அழுகிப்போனது ஏன்?

வளரும். நங்கநல்லூரில் இரண்டாவது மாடி ஃபிளாட்டில், ஏ.சி. இல்லாத கூடத்தில், 2018-லிருந்து என்னிடம் வளர்கிறது. ஒற்றைத் தண்டாக வந்தது, இன்றைக்கு ஐந்து தொட்டி. "ஆர்க்கிட்டெல்லாம் ஊட்டிக் குளிருக்குத்தான், சென்னை வெயிலுக்கு ஆகாது" என்று யாராவது பதில் போடுவதற்கு முன்னால் நான் எழுதிவிட வேண்டும் என்றுதான் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

என்ன வகை வாங்கினீர்கள், எப்படி நட்டீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. ஆனாலும் நடந்ததை ஓரளவு ஊகிக்க முடிகிறது. ஆன்லைனில் வாங்கியிருப்பீர்கள். வேரைச் சுற்றிப் பாசி கட்டி, காகிதத்தில் சுருட்டி வந்திருக்கும். மாடித்தோட்டத்துக்கு வைத்திருந்த செம்மண், மண்புழு உரக் கலவையில், செடி நன்றாகப் பரவட்டும் என்று கொஞ்சம் பெரிய தொட்டியாகப் பார்த்து நட்டிருப்பீர்கள். ஈரம் பிடிக்கும் செடி என்று எங்கேயோ படித்துவிட்டுக் காலையும் மாலையும் தண்ணீர் விட்டிருப்பீர்கள். இரண்டு வாரம் நன்றாகவே இருந்திருக்கும். அப்புறம் ஒரு நாள் காலையில் பார்த்தால் செடி ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும், மண்ணை ஒட்டிய தண்டு பழுப்பாகக் கூழாகியிருக்கும். உங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நான் செய்ததும் அச்சு அசலாக இதுதான்.

முதலில் அந்த ஊட்டிப் பேச்சை முடித்துவிடுகிறேன். ஜுவல் ஆர்க்கிட் என்பது ஒரே செடியின் பெயர் இல்லை. பூவுக்காக இல்லாமல் இலையின் அழகுக்காக வளர்க்கிற சில தரை ஆர்க்கிட்டுகளுக்குப் பொதுப்பெயர். அதில் நம் கைக்கு எளிதாகக் கிடைப்பது லுடீசியா டிஸ்கலர். கரும் மெரூன் நிறத்தில் வெல்வெட் மாதிரி இலை, அதில் செம்பு நிறக் கோடுகள். தென் சீனா, வியட்நாம், மலேசியா பக்கத்துக் காடுகளில் தரையில் படர்வது. இன்னொன்று மாகோடிஸ் பெடோலா. பச்சை இலையில் பொன் ஜரிகை போட்டது மாதிரி நரம்புகள். சுமத்ரா, ஜாவா, போர்னியோ காடுகளுக்குச் சொந்தமானது. இவை வெப்பமண்டலக் காட்டுப் புழுக்கத்தில் வளர்பவை. ஊட்டி டிசம்பர் குளிரில் வெளியே வைத்தால்தான் இவை தாங்காது. 15 டிகிரிக்குக் கீழே போகாமல் இருந்தால் போதும். எங்கள் கூடத்தில் மே மாதம் மதியம் 34, 35 டிகிரி வரைக்கும் போகும். லுடீசியா வளர்வதை நிறுத்திக்கொள்ளும், ஆனால் சாகாது. ஜூலை மழை இரண்டு விழுந்ததும் மறுபடியும் துளிர்விடும்.

சரி, தண்டு அழுகும் விஷயத்துக்கு வருகிறேன். இந்தச் செடி காட்டில் மண்ணுக்குள் வளர்வதில்லை. உதிர்ந்து மக்கிய இலைகளின் மேல், தண்டைக் கிடையாகப் போட்டு, கணுவுக்குக் கணு வேர் விட்டு ஊர்ந்து போகிறது. அந்த இலைமக்கு ஈரமாக இருக்கும், ஆனால் உள்ளே காற்று ஓடும். சுற்றியிருக்கிற காற்றிலும் ஈரம் இருக்கும். அதாவது செடி கேட்பது காற்றில் ஈரம், வேருக்குக் காற்று. நாம் கொடுப்பதோ வேரில் ஈரம், மேலே ஃபேன் காற்று. அப்படியே தலைகீழ். தண்டு வெள்ளரிப் பிஞ்சு மாதிரி நீர்ச்சத்து நிறைந்தது, லேசாக வளைத்தாலே டக்கென்று ஒடியும். அதை இறுகிய ஈர மண்ணில் புதைத்தால் இரண்டு, மூன்று வாரத்தில் அழுகல் பிடிக்கத்தான் செய்யும்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது மாகோடிஸ். லுடீசியா முரட்டுச் செடி, என் தப்பையெல்லாம் பொறுத்துக்கொண்டது. அந்தத் தைரியத்தில் 2019-ல் மாகோடிஸ் வாங்கினேன். நான்கு இலைச் செடிக்குக் கூரியரோடு சேர்த்து 900 ரூபாய். வீட்டில் விலையைச் சொல்லவில்லை. வந்த அன்றைக்கு ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து இலையைப் பார்த்தேன். கோடுகள் வெறும் மஞ்சளாக இல்லை, புள்ளி புள்ளியாக மின்னின. டார்ச்சை நகர்த்த நகர்த்த மினுமினுப்பும் கூடவே ஓடியது. அம்மாவின் கூறைப்புடவை ஜரிகையை வெயிலில் பார்த்த ஞாபகம் வந்தது. இலையைத் திருப்பினால் அடிப்பக்கம் ஊதா படர்ந்திருந்தது.

பதினெட்டாவது நாள் இரண்டு இலை தொங்கிவிட்டது. தண்டைத் தொட்டேன். தோல் மட்டும் விரலோடு வழுக்கிக்கொண்டு வந்தது, உள்ளே நூல் மாதிரி ஒன்றுதான் மிச்சம். தேங்கின சாக்கடைத் தண்ணீர் வாடை. அழுகை வந்துவிட்டது, மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. காசு போனதற்காக அழவில்லை. அந்த இலை இனி டார்ச்சில் மின்னாதே என்றுதான் அழுதேன்.

புது பிளேடை ஸ்டவ் நெருப்பில் காட்டி, ஆறவைத்து, அழுகிய அடிப்பக்கத்திலிருந்து வெட்டினேன். முதல் வெட்டில் நடுவே பழுப்பு வளையம் தெரிந்தது. அந்த வளையம் தெரிகிற வரைக்கும் அழுகல் உள்ளே ஏறியிருக்கிறது என்று அர்த்தம். ஒவ்வொரு வெட்டுக்கும் பிளேடைத் துடைத்துவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக மேலே மேலே வெட்டிக்கொண்டே போனேன். நான்காவது வெட்டில்தான் சுத்தமான வெளிர் பச்சை வந்தது. மிஞ்சியது இரண்டு கணு, ஒன்றரை இலை. வெட்டுவாயில் சமையலறைப் பட்டைத் தூளைத் தொட்டு வைத்து, சாயந்திரம் வரை நிழலில் காயவிட்டேன்.

அப்புறம் அதை எதில் வைப்பது? எங்கள் அப்பா மன்னார்குடியில் பெட்டிக்கடை வைத்திருந்தார். கடையை மூடியபோது நான் கேட்டு வாங்கி வந்த மிட்டாய் ஜாடி ஒன்று பரண்மேல் இருந்தது. வாய் அகலமான, அலுமினிய மூடி போட்ட கண்ணாடி ஜாடி. அதைக் கழுவி, அடியில் கரித்துண்டு, அதன் மேல் நனைத்து இறுகப் பிழிந்த ஸ்பாக்னம் பாசி போட்டு, தண்டைப் புதைக்காமல் பாசியின் மேல் படுக்க வைத்தேன். மூடியைப் பாதி திறந்தபடி வைத்தேன். வடக்கு ஜன்னல் ஓரம், நேர் வெயில் படாத இடம். இருபத்தாறு நாள் ஒன்றுமே நடக்கவில்லை. இருபத்தேழாவது நாள் கணுவில் வெள்ளையாகப் பஞ்சு படிந்த மாதிரி ஒன்று நீண்டிருந்தது. பூஞ்சை என்று நினைத்துத் துடைக்கப் போய்விட்டேன். நல்லவேளை, கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். அதுதான் வேர். இந்தச் செடிகளின் வேரில் அடர்த்தியாக வெள்ளை ரோமம் இருக்கும். உங்கள் செடியிலும் பார்த்தால் பதறித் துடைத்துவிடாதீர்கள்.

அந்த ஒன்றரை இலைதான் இன்றைக்கு அதே ஜாடியில் மூன்று தண்டாக நிற்கிறது.

உடனே "மூடின ஜாடியில் பூஞ்சை வரும், அது தப்பான முறை" என்று ஒருவர் வருவார் என்று தெரியும். முழுக்க மூடினால் வரும்தான். அதனால்தான் பாதி மூடி. தினமும் காலையில் பத்து நிமிடம் முழுக்கத் திறந்து வைக்கிறேன். ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று உள்ளே இருக்கிறது, 70-லிருந்து 80 சதவீதத்துக்குள் நிற்கிறது. லுடீசியாவுக்கு ஜாடி தேவையே இல்லை, சென்னைக் காற்றில் இருக்கிற ஈரமே அதற்குப் போதும். ஏ.சி. அறையில் மட்டும் வைக்காதீர்கள். ஏ.சி. காற்றை உலர்த்திவிடும், இலை ஓரம் கருகும்.

கலவை என்று கேட்டால், லுடீசியாவுக்கு நான் போடுவது தேங்காய் மட்டைத் துண்டு இரண்டு பங்கு, பெர்லைட் (காற்றோட்டத்துக்காகப் போடுகிற, எடையில்லாத வெள்ளைக் குருணை) ஒரு பங்கு, இலைமக்கு ஒரு பங்கு, ஒரு கைப்பிடி கரி. மட்டைத் துண்டை இரண்டு நாள் ஊறப்போட்டு, மூன்று தடவை தண்ணீர் மாற்றிக் கழுவ வேண்டும். அதில் உப்பு இருக்கும். தொட்டி ஆழமாக வேண்டாம். வேர் மேலாகவே ஓடும் என்பதால் நான்கு விரல் ஆழம், அகலமான வாய் போதும். விரலை ஒரு அங்குலம் உள்ளே விட்டுப் பார்த்து, லேசாகக் காய்ந்த பிறகுதான் தண்ணீர். இலை நடுவில் தண்ணீர் தேங்கக் கூடாது. எங்கள் போர் தண்ணீர் உப்பு, அதை விட்டால் பாசி மேல் வெள்ளையாகப் படிந்துவிடும். மழைத் தண்ணீர் பிடித்து வைப்பேன், அது தீர்ந்தால் ஆர்.ஓ. தண்ணீர். உரம் மாதம் ஒரு தடவை, பாக்கெட்டில் போட்டிருக்கிற அளவில் கால் பங்கு.

செடி வைக்கிற இடத்தை நினைத்ததும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். எங்கள் அடுக்குமாடியில் காரிடார் வடக்குப் பார்த்தது. நாள் முழுக்க நிழல் வெளிச்சம், இந்தச் செடிகளுக்கென்றே கட்டின மாதிரி இடம். மூன்று வருடம் அங்கே சுவரோரமாக இரண்டு தொட்டி வைத்திருந்தேன். போன வருடம் அசோசியேஷன் கூட்டத்தில், நடைபாதையில் தொட்டி வைக்கக் கூடாது, வழி மறிக்கிறது என்று தீர்மானம் போட்டார்கள். சரி, நியாயம்தான் என்று எடுத்துவிட்டேன். ஆனால் அதே காரிடாரில் ஒரு ஷூ ரேக், இரண்டு குழந்தை சைக்கிள், ஒரு பழைய வாஷிங் மெஷின் இன்றைக்கும் நிற்கின்றன. கேட்டால், "அதெல்லாம் உபயோகப்படுகிற பொருள் மாமி" என்று பதில் வருகிறது. ஒரு சாண் தொட்டி மறிக்கிற வழியை வாஷிங் மெஷின் மறிக்காதா? பராமரிப்புக் கட்டணம் எல்லோரும் ஒன்றாகத்தான் கட்டுகிறோம். இதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

"பூக்காத செடிக்கு இவ்வளவு பாடா" என்று கேட்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். லுடீசியா பூக்கும். எங்கள் வீட்டில் ஜனவரி கடைசியில் ஒரு சாண் உயரத்துக்குத் தண்டு எழுந்து, வெள்ளை வெள்ளையாகச் சின்னப் பூக்கள், நடுவில் மஞ்சள். பூ நடுவே லேசாக முறுக்கிக்கொண்டு இருக்கும். மூன்று, நான்கு வாரம் நிற்கும். பூத்த தண்டு அப்புறம் மெல்ல ஓய்ந்துவிடும், பக்கத்தில் புதுக் கிளைகள் வரும். செடி செத்துப்போகிறது என்று பயப்பட வேண்டாம். அடி இலைகள் ஒவ்வொன்றாக உதிர்வதும் இயல்புதான்.

அடுத்த செடி வாங்கும்போது ஒரு விஷயத்தைத் தயவுசெய்து பாருங்கள். நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கைக் காடுகளிலும் ஜுவல் ஆர்க்கிட் உண்டு. அனெக்டோகைலஸ் என்கிற பேரினம். இலங்கையில் சிங்களத்தில் அதை வனராஜா என்கிறார்கள். "மலையிலிருந்து எடுத்தது, ஒரிஜினல்" என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். காப்புக் காட்டிலிருந்து செடி பிடுங்குவது குற்றம். அதைவிட முக்கியமான காரணம், ஆர்க்கிட் விதை தூசி மாதிரி இருக்கும். அதில் முளைக்கு வேண்டிய சத்து இல்லை, மண்ணில் அதற்கு ஏற்ற பூஞ்சை கூடினால்தான் முளைக்கும். காட்டில் ஒரு செடி உருவாவதே அவ்வளவு அரிது. அதைப் பிடுங்கி வந்தால் நம் வீட்டிலும் பிழைப்பது கஷ்டம், அங்கேயும் இல்லாமல் போகும். லுடீசியாவும் மாகோடிஸும் தண்டு வெட்டியோ திசு வளர்ப்பிலோ பெருக்கியதாகக் கிடைக்கின்றன. எப்படிப் பெருக்கியது என்று கேட்டு வாங்குங்கள். பதில் சொல்லத் தயங்குகிறவரிடம் வாங்க வேண்டாம்.

உங்கள் செடியை இன்னும் தூக்கிப் போடவில்லை என்றால், தண்டை நுனியிலிருந்து கீழே மெல்ல அழுத்திப் பாருங்கள். ஒரே ஒரு கணு உறுதியாக இருந்தாலும் இன்றைக்கே வெட்டி எடுத்துவிடுங்கள், நாளைக்கு என்று வைக்காதீர்கள். எங்கே வெட்டுவது என்று சந்தேகமாக இருந்தால் வெட்டுவாயைக் கிட்டத்தில் படம் எடுத்துக் கீழே போடுங்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் பார்த்துச் சொல்கிறேன்.